கையில் என்ன? யாருக்கு?

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அதன் பெயரைக் கேட்காதீர்கள்; சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அந்நாட்டை ஆண்ட ஆதவராயர் நல்லவர்தான். ஆனால் பலாப்பழத்தைக் கண்டால் மனிதருக்குக் கை நிற்காது. அதைவிடப் பெரிய பைத்தியம் ஒன்றும் அவருக்கு இருந்தது. எந்தக் காரியமானாலும் அதில் முதல் ஆள் யார் என்று கண்டுபிடித்து மாலை போட்டாக வேண்டும். சிறந்த சமையல்காரருக்குப் போட்டார், சிறந்த யானைக்குப் போட்டார், யானை அதைத் தின்றுவிட்ட பிறகும் திருந்தவில்லை.

கோட்டையின் தெற்கு வாசலை ஒட்டி அரசரின் வைத்தியசாலை இருந்தது. அங்கே ஒரு வழக்கம். மருந்தோ, வெந்நீரோ, கட்டுத்துணியோ, எது கை மாறினாலும் வாங்குகிறவர், "கையில் என்ன? யாருக்கு?" என்று கேட்பார். கொடுப்பவர் சொல்வார். வாங்குகிறவர் அதையே திருப்பிச் சொன்ன பிறகுதான் பொருள் கை மாறும். தலைமை வைத்தியர் திருவேங்கடம் கேட்டாலும் இதேதான். வெளியாட்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். உள்ளே படுத்திருப்பவர்களுக்கு இது உயிர்.

அந்த வருடம் மருத்துவச் சபையிலிருந்து செண்பக அம்மையார் வைத்தியசாலையைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. தரம் சரியாக இருந்தால் சபையின் முத்திரையைத் தருவார். அரசருக்கு உடனே கை பரபரத்தது.

"வைத்தியசாலையின் சிறந்த ஒருவருக்கு என் முத்துமாலையைச் சூட்டப்போகிறேன். யார் அந்த ஒருவர்?" என்று அரசவையில் கேட்டார்.

அரண்மனை நிர்வாகி வயிரவநாதர் எழுந்தார். அவருக்கு விகடகவி அங்கண்ணனைக் கண்டாலே ஆகாது. அரசர் தம் யோசனைகளைக் கேட்டுக் கொட்டாவி விடுகிறார், அங்கண்ணன் தும்மினால்கூடச் சிரிக்கிறார் என்பதுதான் அவருடைய தீராத வயிற்றெரிச்சல்.

"மகாராஜா! நோயைத் தீர்ப்பவர் ஒருவர்தான் இருக்க முடியும். மற்றவர்கள் கிளிகளைப் போலச் சொன்னதையே சொல்லிக்கொண்டு பொழுதைக் கழிக்கிறார்கள். அந்த ஒருவரை அங்கண்ணன் அடையாளம் காட்டட்டும். மற்றவர்களைத் தோட்டத்தில் களை பிடுங்க அனுப்பிவிடலாம்" என்றார்.

"அருமை!" என்றார் அரசர். "அங்கண்ணா, நோய் தீர்க்கும் அந்த ஒருவர் மட்டும் நாளை வைத்தியசாலையில் இருக்க வேண்டும். மற்றவர்கள் ஒருவரும் அங்கே தென்படக் கூடாது. நாளை முதல் அவர்களுக்குத் தோட்ட வேலைதான்."

வயிரவநாதர் மீசைக்குள் சிரித்தார். ஒருவரைக் காட்டினால் மற்ற அத்தனை பேரின் பிழைப்பும் அங்கண்ணனால் போகும். காட்டாவிட்டால் அரசாணையை மீறியதாக அவன் பிழைப்பு போகும். நல்ல பொறிதான். அங்கண்ணன் வாதாடவில்லை. "ஆணைப்படியே, மகாராஜா. ஒரு சொல்கூடக் குறையாமல்" என்று வணங்கிவிட்டுப் போனான்.

வைத்தியசாலையில் செய்தியைக் கேட்டதும் நோயாளிகளைக் கவனிக்கும் பூமாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"களை புடுங்க எங்களுக்கு ஒண்ணும் வெக்கமில்ல சாமி. ஆனா படுத்திருக்கிற இதுங்கள விட்டுட்டு எப்படிப் போறது? வைத்தியரய்யா மருந்து சொல்லுவாரு. ராத்திரியில நெத்திய தொட்டுப் பாக்குறது யாரு?"

மருந்து அரைக்கும் மாடக்கண் குழவியைக் கழுவி மூலையில் சாய்த்து வைத்தான். அங்கண்ணன் பூமாயியிடம் திரும்பினான். "அழாதே தாயே. நாளைக்கு ஒருநாள் நான் சொல்கிறபடி செய். நோயாளிகளையும் உன்னோடு தோட்ட மண்டபத்துக்குக் கூட்டிப் போ. அவர்களை அழைத்துப் போகக் கூடாதென்று ஆணையில் இல்லை" என்றான்.

மறுநாள் செண்பக அம்மையாருக்கு அரண்மனையில் விருந்து. விருந்தாளி இரண்டு பலாச்சுளை சாப்பிட்டார். மீதிப் பழத்தை அரசரே தனியாகக் கவனித்துக்கொண்டார். பிறகு எல்லோரும் வைத்தியசாலைக்குப் புறப்பட்டார்கள்.

அங்கே திருவேங்கட வைத்தியர் மட்டும் நட்ட நடுவே திருவிழாவில் தொலைந்த பிள்ளை போல நின்றிருந்தார். வாசலில் அங்கண்ணன் காவல்.

அரசர் மாலையைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சரிந்தார். "ஐயோ, அம்மா! வயிறு!"

வைத்தியர் நாடி பார்த்தார். "பயப்பட ஒன்றுமில்லை மகாராஜா. பலாப்பழத்தின் வேலை. சுக்கும் ஓமமும் போட்ட கஷாயம் குடித்தால் போதும்" என்றவர், பழக்கத்தில் கையை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அடுப்பு அணைந்திருந்தது. அரைக்க ஆளில்லை. எந்தப் பானையில் எது என்பது மாடக்கண்ணுக்குத்தான் அத்துப்படி.

"கூப்பிடுங்கள் எல்லோரையும்!" என்று அலறினார் அரசர்.

"ஆணை, மகாராஜா!" என்றான் அங்கண்ணன், கைகட்டி. "நோய் தீர்ப்பவர் ஒருவர் மட்டும் இருக்க வேண்டும், மற்றவர்கள் தென்படக் கூடாது. ஆனால் வைத்தியசாலையைச் சேராதவர்கள் உதவத் தடையில்லை. நிர்வாகி இருக்கிறாரே!"

வயிரவநாதர் வேறு வழியில்லாமல் ஓடி, ஒரு பானையோடு வந்தார்.

"கையில் என்ன?" என்றார் வைத்தியர்.

"மருந்து!"

"என்ன மருந்து?"

"அது... பழுப்பாக ஏதோ விதை. சீக்கிரம் கொடுங்கள் ஐயா, அரசர் துடிக்கிறார்!"

வைத்தியர் உள்ளே பார்த்தார். பார்த்தவருக்கு வியர்த்துவிட்டது. "இது நேர்வாளம். கடும் பேதி மருந்து. இதைக் கொடுத்திருந்தால் நாளை இளவரசருக்குப் பட்டாபிஷேகம் செய்ய வேண்டியிருக்கும்!"

வயிரவநாதர் பானையைக் கீழே வைத்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டார். வைத்தியர் அரசரின் முன் கைகூப்பினார். "மகாராஜா, எனக்கும் கை தவறும். மருந்தை அறிந்து திருப்பிச் சொல்ல ஆளில்லாமல் இந்த வைத்தியசாலையில் நான் யாருக்கும் மருந்து கொடுத்ததில்லை. தங்களுக்கும் கொடுக்கமாட்டேன்."

அருகில் நின்ற செண்பக அம்மையார், "நானும் கொடுக்கமாட்டேன்" என்றார்.

"ஆணையை வாபஸ் வாங்குகிறேன்! தோட்ட வேலையும் கிடையாது, ஒன்றும் கிடையாது! எல்லோரும் வாருங்கள்!" என்று அரசர் கத்தியது தோட்டம்வரை கேட்டது.

வந்தார்கள். முழங்காலெல்லாம் மண். அரசர் துடித்துக்கொண்டிருக்கும்போதும் பூமாயி ஒருவரையும் விடாமல் கை கழுவவைத்துத்தான் உள்ளே விட்டாள். அடுப்பு எரிந்தது, குழவி உருண்டது. "கையில என்ன? யாருக்கு?" "சுக்கும் ஓமமும். மகாராஜாவுக்கு." "சுக்கும் ஓமமும், மகாராஜாவுக்கு." வார்த்தையும் மருந்தும் சேர்ந்தே கை மாறி அரசரிடம் வந்தன. குடித்த சற்று நேரத்தில் நீளமான ஏப்பம் ஒன்று வந்தது. வைத்தியசாலையே கேட்டது, யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அம்மையார் தம் பையிலிருந்து முத்திரையை எடுத்து வைத்தியரிடம் நீட்டினார். வைத்தியர் வாங்கவில்லை. "அம்மா, கையில் என்ன? யாருக்கு?" என்றார். அம்மையார் சிரித்துவிட்டார். "சபையின் முத்திரை. இந்த வைத்தியசாலைக்கு." அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் வைத்தியர் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

அரசர் எழுந்து முத்துமாலையோடு வந்தார். அவரையும் பூமாயி விடவில்லை. "மன்னிக்கணும் மகாராஜா. இங்க வழக்கம். கையில என்ன? யாருக்கு?"

ஒருவர் பெயரைச் சொல்லத்தான் அரசர் வாயைத் திறந்தார். எதிரே மண் ஒட்டிய முழங்கால்களோடு நின்றவர்களைப் பார்த்தார். வாயை மூடினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "முத்துமாலை. உங்கள் எல்லோருக்கும்."

"முத்துமாலை! எங்க எல்லாருக்கும்!" என்று வைத்தியசாலையே திருப்பிச் சொன்னது. மாடக்கண் குரல்தான் எல்லோரையும்விடப் பெரிதாகக் கேட்டது. திருப்பிச் சொல்லியாகிவிட்டதே, இனி மாற்ற முடியுமா? அரசர் வாய்விட்டுச் சிரித்தார். வயிரவநாதரை ஒரு மாதம் அங்கே அடுப்பு ஊதச் சொன்னார். பாவம், இரண்டாம் நாளே அவரும் திருப்பிச் சொல்லப் பழகிவிட்டாராம்.

"அங்கண்ணா, உனக்கு என்ன வேண்டும்? கேள்!"

"அரண்மனைச் சமையலறையில் வெட்டாமல் இன்னொரு பழம் இருக்கிறது, மகாராஜா. அது போதும்."

அன்று மாலை அங்கண்ணன் தோளில் பெரிய மூட்டையோடு அரண்மனை வாசலைக் கடந்தபோது, மாடத்திலிருந்து அரசர் ஆவலாகக் குனிந்து கேட்டார். "கையில் என்ன? யாருக்கு?"

"பலாப்பழம், மகாராஜா. தங்களுக்கு இல்லை."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை சிரிப்பினால்தான்.