யானை சுமந்த குட்டை

மேற்கு மலையின் கிழக்கு அடிவாரத்தில் ஒரு குளம். ஆடி மாதம். குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் ஒரு சின்னக் குட்டையில் மட்டும் தண்ணீர் மிச்சம். அதில் மினுக்கி என்ற தவளை முட்டையிட்டிருந்தது. சவ்வரிசிக் கஞ்சி மாதிரி மிதந்தன, நடுநடுவே கறுப்புப் புள்ளியோடு.

காலம் தப்பி இட்ட முட்டைகள் அவை. மினுக்கி மண்ணுக்குள் தூங்கிக் கொண்டிருந்தது. மலையிலிருந்து காற்று அள்ளிவந்த சாரல் தலைக்கு மேலே நாலு சொட்டு விழுந்தது. வெளியே வந்து பார்த்தால், மலை உச்சியில் கன்னங்கரேல் என்று மேகம்!

"மழை வந்தாச்சு!" என்று முட்டையிட்டுவிட்டது.

மேகம் அங்கேயே நின்றது. இங்கே வெயில் காய்ந்தது. காற்று குட்டையை நக்கி நக்கிக் குடித்தது.

"இன்னைக்கு வந்துரும்" என்றது வளையிலிருந்த நண்டு. தினமும் இதே பேச்சுத்தான். "அவ்வளவு கறுப்பா நிக்கிற மேகம் வேற எங்கே போகும்? இங்கேதான் வரணும்!"

மழை வரவில்லை. யானைதான் வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பனம்பழ வாசனை பிடித்து இறங்கிய யானை. தின்றபின் தாகம். நேரே குட்டைக்கு வந்து தும்பிக்கையை நீட்டியது.

"அக்கா, நில்லு! குடிக்காதே! என் பிள்ளைக உள்ளே கிடக்கு!"

யானை குனிந்து பார்த்தது. "ஏட்டி, ஆடி மாசத்துல இந்தப் பக்கம் எவளாவது முட்டையிடுவாளா?"

"ஏன், மேகத்தைப் பாரு! நாளைக்குக் கொட்டும்!"

"அது உன் மேகம் இல்லட்டி. மேற்குக் கடல்லேருந்து வர்ற மேகம். மலையேற மாட்டாம சுமையை அந்தப் பக்கமே கொட்டிருது. வெறுங்காத்துதான் இங்கே இறங்குது. உன் மழை ஐப்பசியில, கிழக்குக் கடல்லேருந்து வரும்."

நண்டு விழுந்து விழுந்து சிரித்தது. "ஒரே மலை! இந்தப் பக்கம் வெயிலு, அந்தப் பக்கம் மழையாம்! ஆனைக்கு மண்டை காஞ்சு போச்சு!"

யானை வாதாடவில்லை. பின்னங்காலைத் தூக்கிக் காட்டியது. மடிப்பில் ஓர் அட்டை ரத்தம் குடித்து, திராட்சைப் பழம் போலத் தொங்கியது.

அட்டை சொட்டச் சொட்ட நனைந்த காட்டில்தான் பிழைக்கும். அது மினுக்கிக்கும் தெரியும், நண்டுக்கும் தெரியும். நண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"நான் குடிக்காட்டியும் நாளைக்கு வெயில் குடிச்சிரும்" என்றது யானை.

மினுக்கி குட்டையைச் சுற்றிச் சுற்றித் தாவியது. பிறகு நின்றது.

"அப்படின்னா உறிஞ்சிக்கோ அக்கா. ஆனா முழுங்காதே! தும்பிக்கையிலேயே வச்சு அந்த மழைக்குக் கொண்டுபோ!"

"பைத்தியக்காரி!" என்று கத்தியது நண்டு. "தாகத்துல நிக்கிற ஆனைக்கிட்ட பிள்ளைகளைக் குடுக்கிறியே! முழுங்கிட்டு ஏப்பம் விடும்!"

யானை சத்தியம் கித்தியம் பண்ணவில்லை. "ஏறு" என்றது. மினுக்கி காது மடிப்புக்குள் ஒட்டிக்கொண்டது. குட்டை முழுக்கத் தும்பிக்கைக்குள் போயிற்று.

மலை ஏறியது யானை. வாயால் மூச்சு வாங்கியது.

"அக்கா, பிள்ளைக இருக்கா?"

பதில் இல்லை. பேசினால் தும்பிக்கை ஆடித் தண்ணீர் சிந்திவிடும்.

"அக்கா, தும்மல் வந்தா முன்னாடியே சொல்லிரு!"

பாதி வழியில் யானையின் தொண்டை 'கடக்' என்றது. மினுக்கிக்கு உயிரே போய்விட்டது. "அக்கா! முழுங்கிட்டியா? அக்கா!"

யானை நடந்துகொண்டே இருந்தது.

கணவாய் உச்சியில் வந்து நின்றது. மினுக்கி காதுக்குள்ளிருந்து தலையை நீட்டியது.

பின்னால், வெயிலில் வெளுத்த சமவெளி. நிழலில்லாத பனைகள். உள்ளங்கை அளவில் அவர்கள் குளம்.

முன்னால், மழை! நூல் நூலாகப் பெய்யவில்லை. சுவர் மாதிரி நின்றது. பள்ளத்திலிருந்து மேகங்கள் கூட்டம் கூட்டமாக ஏறிவந்தன. மலையில் முட்டின. உடைந்தன. பாறைக்குப் பாறை அருவி இரைந்தது. மரமெல்லாம் பாசி, பாசியெல்லாம் தண்ணீர். யானையின் முன்னங்கால்கள் நனைந்திருந்தன. பின்னங்கால்களில் புழுதி இருந்தது.

வழியெல்லாம் தொணதொணத்த மினுக்கி முன்னாலும் பின்னாலும் மாறி மாறிப் பார்த்தது.

யானை கொஞ்சம் இறங்கி, ஒரு பாறைக் குழியில் தும்பிக்கையை மெல்லக் கவிழ்த்தது. முட்டைகள் ஒன்றுகூடக் குறையாமல் சரிந்து விழுந்தன. ஒரு கறுப்புப் புள்ளி வாலாட்டியது!

"தொண்டை 'கடக்'ன்னுச்சே அக்கா?"

"எச்சிலை முழுங்கினேன்டி. எவ்வளவு தாகம் எனக்கு!" என்று சொல்லி, யானை அருவியில் வாயை வைத்தது.

அந்தக் குழியில் ஏற்கெனவே ஒரு கொழுத்த தவளை குடியிருந்தது. "எங்கேருந்து வர்றே?" என்று கேட்டது.

"மலைக்குக் கிழக்கேருந்து. அங்கே தை மாசத்துக்கு அப்புறம் மழையே இல்லை."

"புளுகு! ஒரே மலை! இங்கே மழை, அங்கே வெயிலாம்!"

அப்படியே நண்டின் குரல்! மினுக்கிக்குச் சிரிப்பு வந்தது. வாதாடவில்லை. யானையின் பல்லிடுக்கில் தொங்கிய பனம்பழ நாரைக் காட்டியது. அந்தக் காட்டில் ஒரு பனைகூடக் கிடையாது. கொழுத்த தவளை கண்ணை உருட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஐப்பசியில் காற்று திசை மாறியது. கிழக்குக் கடலிலிருந்து மேகம் வந்து குளத்தை நிரப்பியது. யானை கணவாய் இறங்கி வந்தது. அதன் காது மடிப்பில் மினுக்கி, முதுகு முழுக்கக் குட்டித் தவளைகள்!

நண்டு வளையிலிருந்து கொடுக்கை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. "பாத்தியா மினுக்கி! மழை வரும்னு நான்தான் சொன்னேன்ல!"

யானைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தும்மிவிட்டது.

தன் தலைக்கு மேலே தெரிவதை மட்டும் வைத்து உலகத்துக்கே முடிவு கட்டக் கூடாது. மலையின் இரண்டு பக்கமும் நடந்தவர் சொல்லைக் காதில் வாங்குபவரே பிழைப்பார்.