பீரோவுக்குப் பின்னால்

சீடருக்கு ஐம்பத்து நான்கு வயது. குருவுக்கு முப்பத்தாறு. இருவரும் அந்தச் சொற்களை ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. இவர் 'மேடம்' என்பார். அவர் 'மேஸ்திரி' என்பார்.

பொன்னுரங்கம் கோத்தகிரியில் முப்பது வருடமாக வீடு கட்டுகிறவர். வைதேகி, கட்டிய வீட்டில் காற்று எங்கே ஒழுகுகிறது என்று சோதித்துச் சொல்கிறவர். பொன்னுரங்கம் கட்டிய ஒரு வீட்டில் அறுபத்தோரு இடத்தில் ஒழுக்கு என்று வைதேகி எழுதிக் கொடுத்துவிட்டார். அதைக் கேள்விப்பட்டு, நான்கு மாதத்துக்கு முன் சண்டை போடத்தான் பொன்னுரங்கம் போனார்.

வைதேகி அவரைக் கையோடு கூட்டிப்போனார். அந்த வீட்டு வாசற்கதவில் பெரிய விசிறியைப் பொருத்தி ஓடவிட்டார்.

"கையை நனைச்சுக்கிட்டு அந்த ஜன்னல்கிட்ட நில்லுங்க."

நின்றார். ஜன்னல் இறுகச் சாத்தியிருந்தது. புறங்கை சில்லிட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வைதேகியின் வேன் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன மேஸ்திரி, இன்னும் கோபம் தீரலையா?"

"கத்துக்கணும்."

"எதுக்கு?"

"இன்னும் பத்து வீடாவது கட்டுவேன்."

வைதேகி வேனின் பின்கதவைத் திறந்தார். "விசிறி முப்பது கிலோ. முதல்ல அதைத் தூக்குங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது.

இப்போது சோதனைக்கு வந்திருப்பது தேவநேசன் வீடு. பதினெட்டு வருடத்துக்கு முன் பொன்னுரங்கம் கட்டியது. தேவநேசன் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். மனைவி ஸ்டெல்லா கணக்கு டீச்சராக இருந்தவர். ஸ்டெல்லாவின் நுரையீரல் பழுதாகியிருந்தது.

வீட்டுக்கு மேற்கே டீ ஃபேக்டரி. அதன் விறகுப் புகை பகலில் மேலே போய்விடும். விடியற்காலையில் பனியோடு கீழே இறங்கும். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தாலும் படுக்கையறைக்குள் வந்து நிற்கும். இந்த வருடம் மட்டும் இரண்டு முறை ஆஸ்பத்திரி. புகை வராத அறை வேண்டும், இல்லையென்றால் மலையை விட்டு இறங்கிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோயம்புத்தூரில் மகள் ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை கார் வருகிறது.

இன்று வெள்ளி.

ஸ்டெல்லா முற்றத்தில் சால்வையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கினார்.

"மக வீடு ஏழாவது மாடி, மேஸ்திரி. ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டுக்காரர் ஷேவிங் பண்றது தெரியும். மிச்ச காலத்துக்கு எனக்கு அதுதான் காட்சி."

"போக மாட்டீங்க, டீச்சர்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். நீங்க கட்டின வீடுதான் என்னைக் கிளப்புது."

பொன்னுரங்கம் விசிறியைத் தூக்கினார்.

வாசற்கதவில் சட்டத்தை மாட்டினார்கள். மற்ற வெளிக்கதவு, ஜன்னல்களைச் சாத்தினார்கள். சமையலறையில், மேலே இருந்த காற்றுப்போக்கி மேல் டேப் ஒட்டினார் வைதேகி.

"இதையும் நிரந்தரமா அடைச்சிடலாமே, மேடம்?"

"சோதனை முடிஞ்சதும் பிரிச்சிடணும். அடுப்பு எரியற இடம். இது நாம வெச்ச வழி. நான் தேடறது நாம வெக்காத வழி."

விசிறி ஓடியது. அது வீட்டுக் காற்றை வெளியே இழுக்க இழுக்க, உள்ளே அழுத்தம் குறைந்தது. எங்கெல்லாம் சந்து உண்டோ அங்கெல்லாம் வெளிக்காற்று உள்ளே பாய வேண்டும். இந்த வீட்டுக் காற்று மணிக்கு எத்தனை முறை முழுதாக மாறுகிறது என்று மீட்டர் காட்டியது.

பதினெட்டு.

"அஞ்சுக்குக் கீழ வரணும்," என்றார் வைதேகி. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி பொன்னுரங்கம் கையில் கொடுத்தார். பிறகு ஹாலின் நடுவில் ஸ்டூலைப் போட்டு, அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டார்.

பொன்னுரங்கம் தேடினார். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் புகை வளைந்தது. "தச்சன் வேலை," என்றார். ஸ்விட்ச் போர்டில் புகை சிதறியது. "எலெக்ட்ரீசியன் குழாய்க்கு வாய் அடைக்கல." குளியலறைக் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் புகை சுழன்றது. "பிளம்பர்னு ஒருத்தன் இருந்தான். மகராசன்."

"எல்லாரும் சேர்ந்து உங்களைக் கெடுத்திருக்காங்க, மேஸ்திரி," என்றார் ஹால் ஓரமாக நின்ற தேவநேசன்.

"சிரிங்க சார், சிரிங்க."

கண்டதையெல்லாம் அங்கங்கே அடைத்துக்கொண்டே போனார். மதியச் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. ஏணியில் ஏறினார், கட்டிலை நகர்த்தினார். சட்டையெல்லாம் ஒட்டடை. நாற்பத்து மூன்று இடம். மூன்று மணிக்கு மீட்டர் ஒன்பதுக்கு வந்தது.

அதற்குக் கீழே இறங்கவில்லை.

மறுபடி முதலிலிருந்து சுற்றி வந்தார். அடைத்த இடங்களில் புகை நிமிர்ந்து நேராக நின்றது. மூன்றாம் தடவையும் சுற்றினார். இரண்டு பாக்கெட் ஊதுபத்தி தீர்ந்தது. கண் சிவந்து நீர் வழிந்தது. மீட்டர் ஒன்பதிலேயே நின்றது.

ஹாலுக்கு வந்தார்.

"எங்க இருக்கு, மேடம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் எழுந்திருக்கவே இல்லையே."

"பாக்கி இடமே இல்ல. எல்லாத்தையும் பார்த்துட்டேன்."

வைதேகி அட்டையை நீட்டினார். வீட்டின் வரைபடம். அதில் பென்சில் புள்ளிகள் ஈ மொய்த்த மாதிரி இருந்தன.

"புகை திரும்பின இடமா?"

"இல்ல. உங்க கை போன இடம். உள் ரூமுக்கு நீங்க போனப்பெல்லாம் இந்தக் கதவு வழியாப் பார்த்துக் குறிச்சேன்."

பொன்னுரங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். எல்லாச் சுவரிலும் புள்ளி. படுக்கையறையின் மேற்குச் சுவரில் மட்டும் ஒன்பதடி நீளத்துக்கு ஒரு புள்ளிகூட இல்லை. மூன்று தடவையும் அந்த இடத்தைக் கடந்து போயிருக்கிறார்.

"அங்க பீரோவும் புத்தக அலமாரியும் நிக்குது."

"கட்டிலையே நகர்த்தினீங்க."

"அங்க ஜன்னல் இல்ல, போர்டு இல்ல, குழாய் இல்ல. வெறும் சுவர், மேடம்."

"யார் பூசினது?"

"நான்தான்."

வைதேகி பென்சிலைச் சீவத் தொடங்கினார்.

பொன்னுரங்கம் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். விசிறி இரைந்துகொண்டிருந்தது. பிறகு தேவநேசனிடம், "சார், ஒரு கை பிடிங்க," என்றார்.

"பீரோவையா? என் மாமனார் கொடுத்த சீர். இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து நகரல."

"தெரியும் சார்."

இருவருமாகத் தள்ளினார்கள். பீரோ தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. பின்னால் நெஞ்சுயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு உதிர்ந்திருந்தது. ஊதுபத்தியைக் கொண்டுபோனார். புகை அவர் முகத்துக்கே திரும்பி அடித்தது. நுனியில் இருந்த சாம்பல் உதிர்ந்து பறந்தது.

சுவரை விரல் முட்டியால் தட்டினார். பொக்கென்றது. நான்கடி தள்ளித் தட்டினார். பொக்கு. இன்னும் நான்கடி. அலமாரியையும் நகர்த்தச் சொன்னார். அங்கேயும் பொக்கு.

முற்றத்துக்குப் போய் ஸ்டெல்லாவின் நாற்காலி முன் நின்றார்.

"டீச்சர், ஒரு விஷயம்."

"சொல்லுங்க."

"சுவர் கட்டும்போது சாரக்கட்டை சொருக குழி விடுவோம். சாரத்தை மேலேருந்து பிரிச்சுக்கிட்டே வந்து, ஒவ்வொரு குழியையும் செங்கல் வெட்டி வெச்சு கலவை போட்டு அடைக்கணும். மேல ரெண்டு வரிசை ஒழுங்காத்தான் அடைச்சேன். கீழ் வரிசைக்கு வர்றப்போ மழை பிடிச்சுக்கிச்சு. ஆளுங்க கிளம்பிட்டாங்க. மறுநாள் உங்க பால்காய்ச்சு. உங்க ரூம்ல மூணு குழியிலயும் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைச் சுருட்டித் திணிச்சேன். ரெண்டு பக்கமும் மேலாப்புல பூசிட்டேன்."

பின்னாலேயே வந்த தேவநேசன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஸ்டெல்லா கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இது எப்ப ஞாபகம் வந்துச்சு?"

பொன்னுரங்கம் யோசித்தார். பொய் சொல்ல வசதியான கேள்வி.

"மறந்தாத்தானே, டீச்சர், ஞாபகம் வர்றதுக்கு."

ஸ்டெல்லா இருமினார். இருமல் அடங்க ஒரு நிமிடம் ஆனது.

"இருபத்தெட்டு வருஷம் பேப்பர் திருத்தியிருக்கேன். தப்புன்னு ஒத்துக்கிட்டதுக்கு மார்க் போட்டதில்ல. போய்த் திருத்தி எழுதுங்க."

பொன்னுரங்கம் உளியை எடுத்தார். இரண்டு பக்கமும் பூச்சை வெட்டினார். மூன்று குழியிலிருந்தும் மக்கிய காகிதம் கை கையாக வந்தது. கம்பெனி பெயர்கூட ஒன்றில் அழியாமல் இருந்தது. யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. தானே கலவை குழைத்து, தானே செங்கல் வெட்டி, ஒவ்வொரு குழியையும் இறுக இடித்து அடைத்தார். சனிக்கிழமை மாலை விசிறியை மறுபடி ஓட்டினார்கள். கலவைக்கு இன்னும் ஈரம் இருந்தது.

மீட்டர் நான்கரை காட்டியது.

வைதேகி படித்துவிட்டுக் குறித்துக்கொண்டார். பொன்னுரங்கம் சமையலறைக்குப் போய், காற்றுப்போக்கி மேல் ஒட்டிய டேப்பை உரித்தார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு இருவரும் கழற்றி வைத்திருந்த விசிறிச் சட்டத்தை எடுத்துப்போக வந்தபோது, ஃபேக்டரிப் புகை தேயிலைச் சரிவு முழுக்கப் படுத்திருந்தது. வாசலில் கோயம்புத்தூர்க் கார் நின்றது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

தேவநேசன் பாதிக் கதவைத் திறந்து உதட்டில் விரலை வைத்தார்.

"தூங்கறா. எழுப்ப வேண்டாம். புகை வாடையே இல்ல. காரை அனுப்பிடப் போறேன்."

பிறகு பொன்னுரங்கத்தைப் பார்த்து, "பீரோ அங்கயே, நடு ரூம்ல நிக்கட்டும்னு சொல்லிட்டா. சுவர் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணுமாம்," என்றார்.

திரும்பும் வழியில், வேன் கட்டபெட்டைத் தாண்டியதும் பொன்னுரங்கம் கேட்டார்.

"மேடம், என் கை போகாத இடத்தை நீங்க குறிச்சீங்க. உங்க கை போகாத இடத்தை யாரு குறிப்பா?"

வைதேகி ஒரு வளைவில் வேனைத் திருப்பினார். இன்னொரு வளைவிலும் திருப்பினார்.

"நாளைக்கு அரவேணுல ஒரு வீடு. மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஒழுக்கே இல்லன்னு நான் எழுதிக் கொடுத்த வீடு. குளிர் தாங்கலன்னு நாலு தடவை கூப்பிட்டுட்டாங்க."

"நாலு தடவையா?"

"ஒரு தடவைகூட நான் போகல." வைதேகி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அட்டையையும் பென்சிலையும் எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"ஊதுபத்தியை நான் பிடிக்கிறேன். நீங்க ஸ்டூல்ல உட்காருங்க."