கடலைப் பிடித்து வந்த விகடகவி

முன்னொரு காலத்தில் மூன்று நாடுகளுக்கு நடுவே ஒரு கடல் கிடந்தது. மேற்குக் கரையை நெடுங்கோ என்ற அரசன் ஆண்டான். தெற்குக் கரை அதியரசனுடையது. கிழக்கே இருந்த தீவுக்கு நீலமாதேவி அரசி. மூவருக்கும் ஒருவரோடு ஒருவர் பேச்சே கிடையாது. வியாபாரம் மட்டும் தடையில்லாமல் நடந்துவந்தது.

நெடுங்கோவுக்கு வெயில் ஆகாது. சில வருஷங்களாகக் கோடை மாசியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டு ஆவணி வரை எழுந்திருக்க மறுத்தது. அரண்மனையில் விசிறி வீசும் பெண்களுக்கே விசிறிவிட ஆள் வேண்டியிருந்தது. ஆகவே மணற்குடி என்ற மீனவக் குப்பத்தை ஒட்டி, கடலைப் பார்த்தபடி ஒரு காற்று மண்டபம் கட்டச் சொன்னான். மந்திரி கார்மேகர் முன்னின்று கட்டினார். தெற்கு நாட்டிலிருந்து வாங்கிய உயர்ந்த சுண்ணாம்பைப் பூசியதில் சுவர்கள் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தன. மண்டபத்தைச் சுற்றி மதிலும் எழுந்தது.

அந்த மதில்தான் மணற்குடிக்கு வினையாயிற்று. கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தின்றுகொண்டிருந்தது. உலகாயி என்ற மீன்காரி இரண்டு முறை குடிசையைப் பிரித்துப் பின்னால் தள்ளிக் கட்டியிருந்தாள். மூன்றாம் முறை பிரிக்கலாமென்று பார்த்தால் பின்னால் அரசனுடைய மதில். முன்னால் கடல். நடுவில் அவளும் அவள் அடுப்பும். முறையிடப் போனவளைக் காவலர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். மீன் வாடையோடு மண்டபத்துக்குள் யாரும் வரக்கூடாதென்பது கார்மேகரின் கட்டளை.

அரசனுடைய விகடகவி மருதவாணன் மண்டபத்துக்கு வரும்போதெல்லாம் மதிலுக்கு வெளியே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே வருவான். உலகாயியின் கதை அவனுக்குத் தெரியும். அரசனிடம் அதை எடுத்துச் சொன்னான். கடல் என்றால் அலை அடிக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு அரசன் தாம்பூலம் கேட்டான். அன்றைக்கு மருதவாணனுக்கு வேடிக்கை எதுவும் வாயில் வரவில்லை.

ஒரு மாலை நெடுங்கோ மண்டபத்தில் சாய்ந்தபடி தன்னைப் புகழ்ந்து ஒரு புலவர் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் சொல்லுக்கு ஏழுலகமும் அடங்கும் என்ற வரிக்குப் புலவர் வந்தபோது ஒரு பேரலை படியேறி உள்ளே வந்தது. அரசனை இடுப்புவரை நனைத்தது. பாதுகைகளையும் பணியாரத் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டது. சபையோர் எதையும் பார்க்காதவர்கள் போல விதானத்தைப் பார்த்தார்கள்.

"என் மண்டபத்தில் புகுந்து என் பொருளைத் திருடிய அந்தக் கடலைப் பிடித்து வந்து என் முன் நிறுத்துங்கள்" என்றான் அரசன்.

ஒருவரும் அசையவில்லை. கார்மேகர் மட்டும் எழுந்து வணங்கினார். மருதவாணனைத் தொலைக்க இப்படி ஒரு நாள் வாய்க்காதா என்று அவர் வெகு காலமாகக் காத்திருந்தார். இந்தக் காரியத்துக்கு விகடகவியே தகுந்தவர் என்றார். அதோடு நிற்கவில்லை.

"அரசே, இவர் ஒரு செம்பில் கடல் நீரை மொண்டு வந்து இதோ கடல் என்று காட்டிவிடுவார். இவருடைய சாமர்த்தியம் நாம் அறியாததா? ஆகவே முழுக் கடலையும் பிடித்து வரவேண்டும் என்று ஆணையிடுங்கள். ஒரு மூலை குறைந்தாலும் இவர் நாட்டை விட்டுப் போகட்டும்."

அரசன் ஈர வேட்டியோடு நின்றபடி அப்படியே ஆணையிட்டான். அடுத்த பௌர்ணமி கெடு. மருதவாணன் மறுபேச்சுப் பேசாமல் அரசனுடைய முத்திரை மோதிரத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான். வெளியே போகும்போது அவன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. கார்மேகருக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை.

உள்ளுக்குள் மருதவாணனுக்கும் பயம்தான். நீச்சல் தெரியாது. படகில் ஏறினால் தலை சுற்றும். அவன் நேரே உலகாயியின் குடிசைக்குப் போய் அவள் புருஷனும் அவன் வள்ளமும் தனக்கு வேண்டும் என்றான். எதற்கென்று கேட்டவளிடம் விஷயத்தைச் சொன்னான்.

உலகாயி அடுப்பை விட்டு எழுந்தாள். "கடலயா பிடிக்கப் போறீரு? அது எங்கள இல்ல பிடிச்சுக்கிட்டு இருக்கு" என்றாள். பிறகு வழியில் சாப்பிடக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள். பெயருக்குக்கூட அதில் ஒரு கருவாடு இல்லை. வலையில் மீன் விழுந்து நாளாயிற்று என்று அவளே சொன்னாள், குறைபோல இல்லாமல், மழை இல்லை என்று சொல்வதுபோல.

தீவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மருதவாணன் வெளுத்துத் துவண்டு போயிருந்தான். நீலமாதேவியின் சபையில் இரண்டு சேவகர்கள் தாங்கிப் பிடிக்க, மோதிரத்தைக் காட்டி, தன் அரசனுடைய ஆணையைச் சொன்னான். கடலைக் கைது செய்ய வந்திருப்பதாகவும், அதில் ஒரு பங்கு தங்கள் காவலில் இருப்பதால் அதை ஒப்படைக்க வேண்டும் என்றும், ஒப்படைக்க மனமில்லையென்றால் நேரில் வந்து வழக்காடலாம் என்றும் பணிவாகக் கேட்டுக்கொண்டான்.

சபை சிரித்தது. அரசியும் சிரித்தாள். ஆனால் அவள் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. தன் அரண்மனைக் கிணறு போன வருஷத்திலிருந்து உப்புக் கரிக்கிறது என்றாள். தீவின் தென்னைகள் நின்றபடியே காய்கின்றன என்றாள். "அந்தக் கடல் மேல் எனக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. விசாரணை எங்கே நடக்கிறது?"

தெற்கு நாட்டில் இத்தனை சுலபமாக இல்லை. தன் கடலை இன்னொருவன் கைது செய்வதா என்று அதியரசன் வாளை எடுத்துவிட்டான். மருதவாணன் கைகூப்பி, கடல் தங்களுடையது என்றால் அது செய்த திருட்டுக்கும் தாங்களே பொறுப்பாகிறீர்கள், ஒரு ஜோடிப் பாதுகையும் ஒரு தட்டுப் பணியாரமும் பாக்கி என்றான். அதியரசன் வாளை உறையில் போட்டான். அவனுடைய துறைமுகத்தையும் கடல் பாதி விழுங்கியிருந்தது. கடைசியில், அந்தக் கடலைப் பற்றி நெடுங்கோவிடமே நேரில் கேட்டுக்கொள்கிறேன் என்று புறப்பட்டான்.

பௌர்ணமியன்று பிற்பகலில் மணற்குடியின் முன்னால் இரண்டு நாட்டுக் கப்பல்களும் தெரிந்தன. கார்மேகர் ஓடிப்போய், விகடகவி பகைவரைக் கூட்டிக்கொண்டு படையெடுத்து வந்துவிட்டான் என்று அரசனிடம் சொன்னார். வில்லாளிகள் மதில்மேல் ஏறினார்கள். குப்பத்துப் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட இடமில்லாமல் மதிலோடு ஒண்டி நின்றார்கள்.

வள்ளத்திலிருந்து மருதவாணன் முதலில் இறங்கினான். அம்புகள் தன்னைக் குறி பார்ப்பதைக் கண்டும் தள்ளாடித் தள்ளாடி மண்டபத்தின் படிவரை வந்து விழுந்து வணங்கினான்.

"அரசே, முழுக் கடலையும் கொண்டு வரச் சொன்னீர்கள். நம்மிடம் இருப்பது அதில் ஒரு பக்கம்தான். மற்றப் பக்கங்களைப் பிடித்திருப்பவர்களை விட்டுவிட்டு வந்தால் ஒரு மூலை குறைந்துவிடுமே என்று அவர்களையும் கூட்டி வந்தேன்."

நெடுங்கோ கார்மேகரைத் திரும்பிப் பார்த்தான். 'முழு' என்ற சொல்லை ஆணையில் சேர்க்கச் சொன்னவர் அவர்தானே. வில்லாளிகள் இறங்கினார்கள். வந்தவர்கள் அரசர்கள், வாசலில் நிறுத்த முடியாது. மூன்று ஆசனங்கள் போடப்பட்டன. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் உட்கார்ந்தார்கள். மதில் கதவு திறந்ததைக் கண்டு குப்பத்து ஜனங்களும் உள்ளே வந்து ஓரமாக நின்றார்கள். மீன் வாடையும் கூடவே வந்தது.

"குற்றவாளி எங்கே?" என்றார் கார்மேகர் ஏளனமாக.

"சற்றுப் பொறுங்கள். வந்துகொண்டிருக்கிறார்" என்றான் மருதவாணன்.

பௌர்ணமிக்கு நீர் ஏறும் என்பது கரையில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். முதலில் படிகள் நனைந்தன. பிறகு தண்ணீர் வாசலைத் தாண்டித் தளத்தில் சத்தமில்லாமல் பரவி மூன்று அரசர்களின் கால்களையும் ஒன்றாக நனைத்தது. அதியரசன் காலைத் தூக்கி ஆசனத்தில் வைத்துக்கொண்டான். மருதவாணன் தண்ணீரைக் காட்டி, குற்றவாளி ஆஜர் என்று அறிவித்தான்.

எங்கள் கரையை ஏன் தின்றாய் என்று கேள் என நெடுங்கோ உத்தரவிட்டான். மருதவாணன் தளத்தில் படுத்துத் தண்ணீரில் காதை வைத்தான். ஒரு காது நனைந்ததும் மறு காதையும் வைத்தான். எழுந்து காதைத் துடைத்துக்கொண்டு, கடலுடைய வாக்குமூலத்தைச் சொன்னான்.

அது திருட வரவில்லையாம். முன்பெல்லாம் இந்த வாசலில் இரண்டு காவலர்கள் இருந்தார்களாம். தீவுக்கு முன்னால் நீருக்கடியில் நீண்டு கிடந்த பவளப்பாறை ஒருவர். கரைச்சேற்றில் வேரூன்றி நின்ற அலையாத்திக் காடு இன்னொருவர். அலை எத்தனை வேகமாக வந்தாலும் பாறை அதன் முதுகை முறிக்கும். மிச்ச வேகத்தைக் காடு வாங்கிக்கொள்ளும். இப்போது காவலர் இருவரையும் காணோம். கதவு திறந்திருந்ததால் உள்ளே வந்ததாகச் சொல்கிறது.

காவலர்களைக் கொன்றவர் யார் என்று கேட்டான் நெடுங்கோ. அதற்குக் கடல் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பவளக்கல்லை வெட்டி விற்றது தீவு நாடு என்று அதியரசன் பாய்ந்தான். வாங்கிக் காளவாய்ச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கியது யார், அந்தப் புகை என் தீவை வேக வைக்கிறதே என்று நீலமாதேவி திருப்பிக் கேட்டாள். காளவாய்க்கு விறகு மேற்கு நாடு விற்ற அலையாத்தி மரம், சுண்ணாம்பு போய்ச் சேர்ந்ததும் மேற்கு நாட்டுக்கு என்றான் அதியரசன். காட்டை வெட்டி விற்றது மந்திரி, எனக்குத் தெரியாது என்றான் நெடுங்கோ. அரசருடைய மண்டபத்துக்காகத்தானே என்று கார்மேகர் முனகினார். குற்றம் மூன்று நாடுகளையும் சுற்றி வந்து எங்கும் இறங்காமல் நின்றது.

அப்போது உலகாயி முன்னால் வந்தாள். அவளை யாரும் அழைக்கவில்லை. கணுக்கால் தண்ணீரில் நின்றபடி பேசினாள்.

"கல்ல வெட்டினவங்க நான் இல்லங்கிறீங்க. எரிச்சவங்க நான் இல்லங்கிறீங்க. மரத்த வித்தவங்களும் நான் இல்லங்கிறீங்க. சரி சாமி, நீங்க யாருமே இல்ல. அப்ப எங்க வூட்டத் தின்னது யாரு?"

நெடுங்கோ எதிரே இருந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தான். பிறகு அவள் பின்னால் நின்ற குழந்தைகளைப் பார்த்தான். "நான்தான்" என்றான். சற்றுப் பொறுத்து நீலமாதேவியும் தலையசைத்தாள். அதியரசன் தூக்கி வைத்திருந்த காலை மெல்லத் தண்ணீரில் இறக்கினான்.

இனி என்ன செய்வது என்று நெடுங்கோ கேட்டான். பிடித்து வரச் சொன்னீர்கள், பிடித்தாயிற்று, இனிக் காவலில் வைக்க வேண்டியதுதான் என்றான் மருதவாணன். சிறைச்சுவர் கல்லால் கட்டினால் நிற்காது. பழைய காவலர்களையே திரும்ப வேலைக்கு வைக்க வேண்டும். தீவுப் பாறையில் இனி உளி படக்கூடாது, அது தானே வளரட்டும். காளவாய்கள் அணையட்டும். மேற்கிலும் தெற்கிலும் சேற்றில் மரம் நட வேண்டும். மூவரில் ஒருவர் காவலைக் கைவிட்டாலும் கைதி அந்த வழியாகத் தப்பி மற்ற இருவர் வீட்டிலும் புகுவான். எளிதாக மூவரும் சம்மதிக்கவில்லை. காளவாய்க்காரர்கள் பிழைப்புக்கு என்ன வழி என்று அதியரசன் கேட்டான். அது நியாயமான கேள்வி. அவர்களுக்கு நாற்று வளர்க்கும் வேலையை மூன்று நாடுகளும் சேர்ந்து கொடுப்பதென்று பேசி முடிக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது.

நீரும் வடியத் தொடங்கியது. கார்மேகருக்குக் கடைசியாக ஒரு நம்பிக்கை பிறந்தது.

"அரசே, பாருங்கள். குற்றவாளி தப்பி ஓடுகிறான். முழுக் கடலையும் பிடித்து நிறுத்த வேண்டியவர் தோற்றுவிட்டார்."

"ஜாமீனில் போகிறார், மந்திரியாரே" என்றான் மருதவாணன். "கூப்பிடாமலே தினம் இரண்டு வேளை சபைக்கு வந்து போகிறவர் அவர். தாங்கள் இந்த மாதத்தில் எத்தனை வேளை வந்தீர்கள்?"

நெடுங்கோ அடக்கப் பார்த்தான், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மற்ற இருவரும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டார்கள். சிரிப்பு அடங்கியதும் அரசன் தீர்ப்புச் சொன்னான். மதில் இடிக்கப்பட்டு, மண்டபத்துக்குப் பின்னால் இருந்த மேட்டு நிலம் முழுவதும் குப்பத்தாருக்குத் தரப்பட்டது. சேற்றில் இறங்கி மரம் நடும் வேலைக்குக் கார்மேகரே தலைவரானார்.

அரசன் மருதவாணனுக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டு, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டான். வருஷத்துக்கு ஒரு நாள் மூன்று அரசர்களும் தன்னோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சமையல் உலகாயி, அன்றைக்கு இந்தக் கடலில் கிடைத்த மீன் மட்டுமே குழம்பில் இருக்க வேண்டும் என்றான். இதென்ன பெரிய வரம் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

முதல் வருஷம் குழம்பில் ஒரே ஒரு கிழங்கான் மீன் மிதந்தது. உலகாயி அதை மூன்றாக வகுந்து மூன்று அரசர்களின் இலைகளில் வைத்தாள். தலை யாருக்கு, வால் யாருக்கு என்று ராஜாக்களுக்குள் பேச்சு எழுந்து யுத்தத்துக்கு வழி தேடியது. மறு வருஷம் தெற்கே ஒரு காளவாய் ரகசியமாகப் புகைந்தது தெரிந்து பந்தியிலேயே சண்டை வந்தது. ஆனாலும் இலையை விட்டு யாரும் எழுந்திருக்கவில்லை. அலையாத்தி இடுப்பளவு வளர்ந்து, வேர்களுக்கிடையில் குஞ்சு மீன்கள் கூட்டம் கூட்டமாக ஓடிய வருஷத்தில் உலகாயி ஆளுக்கு இரண்டு துண்டு வைத்தாள். நெடுங்கோ மூன்றாவது துண்டுக்கு இலையை நீட்டினான். அவள் கரண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அடுத்த வருசம் வாங்க சாமி. மீனு இன்னும் வளரணும்."

ராஜா இலையை மடித்துவிட்டு, இடித்த மதிலின் கற்கள்மேல் உட்கார்ந்திருந்தவர்களும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சிரித்தான்.