இரண்டு வாளி கேசரி

பொள்ளாச்சியில் ஒரு பேக்கரிக்கு மேலே, முதல் மாடியில், ஒரு குருகுலம் இருக்கிறது. வாசல் போர்டில் மென்பொருள் நிறுவனம் என்றுதான் எழுதியிருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

குருவின் பெயர் கோகிலவாணி. வயது முப்பத்து நாலு. சிஷ்யர் சபாபதி, நாற்பத்தெட்டு. பாலிடெக்னிக்கில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். சாக்பீஸ் அலுத்துப்போய், இந்த வயதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் குருவை மேடம் என்பார். குரு அவரை சார் என்பார். சம்பிரதாயப்படி பார்த்தால் எல்லாம் தலைகீழ்தான். ஆனால் பிழை என்ன வயசு பார்த்தா வருகிறது?

அந்த ஆபீஸில் ஒரே ஒரு பேச்சுக்குத்தான் தடை. "என்கிட்ட நல்லாத்தானே ஓடுது" என்று யாரும் சொல்லக்கூடாது. வாடிக்கையாளர் குறையோடு வந்து நிற்கும்போது, தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு இப்படி வாய்விட்டவர், அந்தப் பிழை தீரும் வரைக்கும் கீழே பேக்கரிக்கு இறங்கி எல்லோருக்கும் டீ வாங்கி வர வேண்டும். குருவே ஒரு காலத்தில் இறங்கியிருக்கிறார் என்று கேள்வி.

ஆவணி மாதம். முகூர்த்த சீசன் சூடு பிடித்திருந்தது. ஒரு நாள் காலையில் சென்னியப்பன் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எல்லாவற்றுக்கும் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர். கையில் ஒரு பெரிய வாளி. அதை நேராகக் கொண்டுபோய் சபாபதியின் மேஜைமேல், கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தார். நெய் வாசம் ஆபீஸ் முழுக்கப் பரவியது.

"சாப்பிடுங்க சார்."

"என்னங்க விசேஷம்?"

"விசேஷமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இது உங்க புரோகிராம் கிண்டின கேசரி."

சபாபதிக்குக் கேசரி என்றால் உயிர். இருந்தாலும் கையை நீட்டத் தைரியம் வரவில்லை.

விஷயம் இதுதான். சென்னியப்பன் ஆபீஸில் ரொம்ப வருஷமாக ஒரு பழைய புரோகிராம் இருந்தது. கம்ப்யூட்டருக்குள்ளேயே உட்கார்ந்து ஓடுகிற ரகம். போன மாதம்தான் அதை எடுத்துவிட்டு, இணையத்தில் ஓடுகிற புதியதொன்றைப் போட்டார்கள். சபாபதி தனியாளாக எழுதிய முதல் புரோகிராம் அது. போட்டதிலிருந்து சில ஆர்டர்கள் இரண்டிரண்டாகப் போய் விழுந்துகொண்டிருந்தன. சமையல்கூடத்தில் திரையில் என்ன வருகிறதோ அதற்குத்தான் அடுப்பு பற்றவைப்பார்கள். முந்தின நாள் ஒரு காதுகுத்து வீட்டு வாசலில் ஒரே சாப்பாடு இரண்டு வேனில் போய் இறங்கிவிட்டது.

"அந்தத் தெருவே நேத்துல இருந்து கேசரிதான் திங்குதுங்க," என்றார் சென்னியப்பன். "நாய்க்குக்கூடத் திகட்டிப் போச்சு. மிச்சம் ரெண்டு வாளி. ஒண்ணு எங்க வீட்டுக்கு, ஒண்ணு உங்களுக்கு."

சபாபதி அவசர அவசரமாகத் தன் கம்ப்யூட்டரில் ஒரு ஆர்டர் போட்டுப் பார்த்தார். ஒன்றுதான் விழுந்தது. இன்னொன்று போட்டார். அதுவும் ஒன்றுதான். அவருக்குத் தெம்பு வந்துவிட்டது.

"என்கிட்ட நல்லாத்தானே ஓடுது," என்றார்.

ஆபீஸே நிமிர்ந்து பார்த்தது. மூலையில் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். கோகிலவாணி தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"டீ இனிமே உங்க பொறுப்பு, சார்."

சபாபதிக்கு முகம் சுண்டிவிட்டது. சென்னியப்பனை ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, தான் எழுதியதை வரிவரியாகப் படிக்க ஆரம்பித்தார். தலையில் பேன் பார்ப்பதுபோலப் பார்த்தார். நடுநடுவே டீக்கு வேறு இறங்கி ஏறினார். பிழை ஒன்றுகூடச் சிக்கவில்லை. ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. சென்னியப்பன் தன் போனிலிருந்து போட்ட ஆர்டர் எதுவும் இரட்டையாகவில்லை. இரட்டையானதெல்லாம் மரகதம் என்பவர் போட்டது.

உடனே சென்னியப்பனுக்குப் போன் போட்டார்.

"யாருங்க மரகதம்?"

"நம்ம ஆபீஸ்ல ஆர்டர் எடுக்கற அம்மாங்க. எங்கப்பா காலத்துல இருந்து இருக்காங்க."

"புரோகிராம்ல ஒரு குத்தமும் இல்லீங்க. அந்தம்மாதான் ஒரே ஆர்டரை ரெண்டு தடவை போடறாங்க."



"நானும் நினைச்சேனுங்க," என்றார் சென்னியப்பன். "வயசாச்சு. ஞாபகமும் முன்ன மாதிரி இல்ல போல. சீசன்ல இப்படி ஆனா என் பேரு என்னத்துக்கு ஆகும்? இந்த மாசத்தோட நின்னுக்கச் சொல்லிடறேன். மனசு கேக்கலதான். என்ன பண்றது?"

 சபாபதிக்குத் தன் புரோகிராம் தப்பித்தது என்று ஒரு பக்கம் நிம்மதி. முகம்கூடப் பார்த்திராத ஒரு அம்மாவின் வேலை தன் வாயால் போகப்போகிறதே என்று இன்னொரு பக்கம் சங்கடம். போனைக் கையால் பொத்திக்கொண்டு குருவைப் பார்த்தார்.

கோகிலவாணி எழுந்து வந்து போனை வாங்கினார்.

"அண்ணா, கோகிலா பேசறேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் அந்தம்மாகிட்ட எதுவும் சொல்லாதீங்க. சாயங்காலம் அவங்களையும் கூட்டிட்டு இங்க வாங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"சார், நாளைக்குக் காலையில நீங்க அங்க போங்க. அந்தம்மா பக்கத்துல ஒரு சேர் போட்டு உக்காருங்க."

"போய் என்ன செக் பண்ணட்டும், மேடம்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். கீபோர்டைத் தொடாதீங்க. சும்மா பாருங்க."

"சும்மாவா?"

"முடிஞ்சா."

கணக்கு வாத்தியாருக்குச் சும்மா உட்காருவது லேசுப்பட்ட காரியமில்லை. இருந்தாலும் மறுநாள் போய் உட்கார்ந்தார்.

சமையல்கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. பக்கத்தில் மல்லி வறுக்கிற வாசம். மரகதம் ஐம்பதைத் தாண்டியவர். நெற்றியில் விபூதி, கண்ணில் தடிமனான கண்ணாடி. சபாபதி யாரென்று தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"இத நீங்கதான் எழுதுனீங்களா சார்? அழகா இருக்குதுங்க. எழுத்தெல்லாம் பெருசு பெருசா, கண்ணுக்குச் சுளுவா."

சபாபதிக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"முதலாளி ரெண்டு நாளா என் மொகத்தப் பாத்துப் பேசறதில்லீங்க," என்றார் மரகதம். குரல் இறங்கிவிட்டது. "நான் ஒரு தடவைதாங்க போடறேன் சார். சத்தியமா. புள்ள நர்ஸிங் கடைசி வருஷம் படிக்குதுங்க. இத விட்டா எனக்கு வேற வேலை தெரியாதுங்க."

"நீங்க உங்க வேலையப் பாருங்கம்மா. நான் சும்மாதான் வந்தேன்."

போன் அடித்தது. ஒரு வளைகாப்பு ஆர்டர். மரகதம் பேசிக்கொண்டே டைப் அடித்தார். பேர், ஊர், தேதி, ஏழு வகைச் சாதம், ஒன்றும் தப்பவில்லை. இந்தக் கைக்கு ஞாபகமறதி என்று யார் சொன்னது என்று சபாபதிக்குத் தோன்றியது. சொன்னது தான்தான் என்பது அடுத்த நொடி உறைத்தது.

டைப் அடித்து முடித்து, மரகதம் மவுஸை எடுத்தார். டொக் டொக்.

திரை கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. அந்தச் சந்தில் இணையம் அப்படித்தான், மூட் வந்தால் ஓடும். அப்புறம் அடுத்த பக்கம் வந்தது.

அடுத்த ஆர்டர். டொக் டொக். அடுத்தது. டொக் டொக்.

சபாபதி சேரின் நுனிக்கு வந்துவிட்டார்.

"அம்மா, ஏன் ரெண்டு தட்டு தட்டறீங்க?"

மரகதம் அவரைப் பார்த்தார், இதென்ன கேள்வி என்பதுபோல.

"பழைய கம்ப்யூட்டர்ல ஒரு தட்டுக்கு ஒண்ணும் தொறக்காதுங்களே சார். டக்கு டக்குன்னு ரெண்டு தட்டோணும். சொல்லிக் குடுத்தவரு மொதல் நாளே அதத்தான் சொல்லிக் குடுத்தாரு. தப்புங்களா?"

சபாபதி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பஸ்ஸில் வரும்போதெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். பக்கத்து சீட்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

ஆபீஸுக்குள் நுழையும்போதே சொன்னார்:

"மாட்டிக்கிச்சு மேடம்."

"எது?"

"அந்தம்மா எல்லாத்தையும் ரெண்டு தட்டு தட்டறாங்க. பழைய புரோகிராம்ல பழகின கை. நம்ம ஆபீஸ்ல இணையம் வேகம். இங்க ரெண்டு தட்டு தட்டினாலும், மொதல் தட்டுலயே பக்கம் மாறிடும், ரெண்டாவது தட்டு வீணாப் போயிடும். அங்க இணையம் படுத்துக்கிட்டா, பக்கம் மாறாம அப்படியே நிக்குது. ரெண்டு தட்டும் ரெண்டு ஆர்டராப் போய்ச் சேருது."

"நல்லாப் பாத்திருக்கீங்க சார்."

குரு பாராட்டுவது அபூர்வம். சபாபதிக்குத் தலைகால் புரியவில்லை. அதே ஜோரில் உட்கார்ந்து, கொட்டை எழுத்தில் ஒரு அறிவிப்பு அடித்து, சிவப்பு மையில் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து நீட்டினார். 'ஒரு முறை மட்டும் தட்டவும்.'

"இத அந்தம்மா திரைக்கு மேல ஒட்டிடலாம். தப்பு அவங்க விரல்லதான் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. சென்னியப்பன் வந்தா இதையே சொல்லிடட்டுங்களா, மேடம்?"

கோகிலவாணி அந்தத் தாளைப் படித்தார். மேஜைமேல் வைத்தார்.

"ஒரு டீ வாங்கிட்டு வாங்க சார்."

"பிழைதான் மாட்டிக்கிச்சே மேடம். இன்னுமா டீ?"

"வாங்கிட்டு வாங்க."

சபாபதி முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினார். பாதியில் இருக்கும்போது மேலேயிருந்து மறுபடி குரல் வந்தது.

"சார், ஒரு டீ வாங்கிட்டு வாங்க."

"கேட்டுச்சு மேடம்," என்று கீழிருந்து குரல் கொடுத்துவிட்டுப் போய், ஒரு டீயோடு ஏறி வந்தார்.

கோகிலவாணி டம்ளரைப் பார்த்தார். அவர் கையைப் பார்த்தார்.

"ஒண்ணுதான் இருக்கு?"

"ஒண்ணுதானே கேட்டீங்க?"

"ரெண்டு தடவை சொன்னேனே, சார்."

சபாபதி சிரித்துவிட்டார்.

"மொதல் தடவை சொன்னது என் காதுல விழலையோன்னு இன்னொரு தடவை சொல்லியிருப்பீங்க. குடிக்கப்போறது நீங்க ஒருத்தர், அதுவும் ஒரு டீ. இதுகூடவா மேடம் எனக்குத் தெரியாது?"

கோகிலவாணி ஒரு வாய் குடித்தார்.

"இத உங்க புரோகிராமுக்குச் சொல்லிக் குடுத்தீங்களா, சார்?"

சபாபதியின் சிரிப்பு அப்படியே நின்றது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. முன்னால் சென்னியப்பன் வந்தார். அவருக்குப் பின்னால் மரகதம், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. எதற்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 

"சொல்லுங்க சார்," என்றார் சென்னியப்பன். "தப்பு யாருதுங்க?"

சபாபதி சிவப்பு எழுத்துத் தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்னுதுங்க."

சென்னியப்பன் திகைத்துப் போனார்.

"நேத்து நீங்கதான சார் போன்ல..."

"நேத்து நான் சொன்னது தப்புங்க. அந்தம்மா ஒரு தடவைதான் போட்டாங்க. என் புரோகிராம்தான் அத ரெண்டா எடுத்துக்கிச்சு. இன்னிக்கே சரி பண்ணிடறேன்."

மரகதம் பக்கத்திலிருந்த சேரில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. சென்னியப்பன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

"நான் ஒரு வாய் வார்த்தை கேட்டிருக்கோணும் மரகதம்மா," என்றார் கடைசியில். "கேக்காம மொகத்தத் திருப்பிக்கிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

மரகதம் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு சபாபதியைப் பார்த்தார்.

"அப்ப இனிமே நான் ஒரு தட்டுத்தான் தட்டோணுங்களா சார்?"

"உங்களுக்கு எப்படிப் பழக்கமோ அப்படியே தட்டுங்கம்மா."

சென்னியப்பனுக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் வியாபாரப் புத்தியும் கூடவே வந்தது.

"அதெல்லாம் சரிங்க சார். ஒரே வீட்டுக்காரங்க நெசமாலுமே ரெண்டு ஆர்டர் போடறாங்கன்னு வைங்க. மாமியார் வீட்டுக்கு ஒண்ணு, சம்பந்தி வீட்டுக்கு ஒண்ணு. அதையும் உங்க புரோகிராம் ஒண்ணாக்கிடுச்சுன்னா, சம்பந்தி வீட்டுல பந்தியில உக்காந்து வெறும் இலையையா பாப்பாங்க?"

  ஒரே ஆர்டருக்கு விழுந்த இரண்டு தட்டா, நிஜமாகவே இரண்டு ஆர்டரா என்று ஒரு புரோகிராம் எதை வைத்துக் கண்டுபிடிக்கும்? சபாபதி குருவைத் திரும்பிப் பார்த்தார்.

கோகிலவாணி காலி டம்ளரை அவரிடம் நீட்டினார்.

"ஒரு டீ வாங்கிட்டு வாங்க சார். முன்ன கேட்டது எனக்கு. இது வேற, மரகதம்மாவுக்கு."