பனி கொண்டுவந்த பழம்

இருவாச்சி பறந்தால் மலை முழுக்கத் தெரியும். அதன் இறக்கைக்கு அப்படி ஒரு சத்தம். தூரத்தில் ரயில் வருவது போல முதலில் லேசாகக் கேட்கும். பிறகு தலைக்கு மேல் இரைந்துகொண்டு போகும். குட்டிக் குரங்குகள் பால் குடிப்பதை விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கும்.

அந்த மலையில் பாதி அத்திமரங்கள் இருவாச்சியின் குடும்பம் வைத்தவை. குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி வைத்ததாக நினைத்துவிட வேண்டாம். பழத்தைத் தின்றுவிட்டுப் பறக்கும். போகிற வழியில் விதை விழும். மற்றதை மழை பார்த்துக்கொள்ளும். இருந்தாலும் காட்டில் அதற்கு நல்ல மரியாதை. எல்லாரும் அதை "அத்தி ஐயா" என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தக் கோடையில் இருவாச்சியின் மனைவி ஓர் உயரமான மரத்தின் பொந்துக்குள் போய் உட்கார்ந்தது. வாசலை மண்ணும் எச்சமும் குழைத்துப் பூசி அடைத்துக்கொண்டது. ஓர் அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறலை மட்டும் விட்டுவைத்தது. இருவாச்சி வம்சத்தில் அதுதான் வழக்கம். முட்டை பொரிந்து குஞ்சு கொஞ்சம் வளரும் வரை தாய் வெளியே வராது. வந்தாலும் பறக்க முடியாது. உள்ளே போனதும் அதன் பழைய இறகுகள் உதிர்ந்துவிடும். தகப்பன் கொண்டுவந்து கீறல் வழியாக ஊட்டும் பழம்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் சோறு.

பொந்துக்குள் இருந்த தாய்க்கு அந்தக் கீறல்தான் உலகம். விடியும்போது அது வெள்ளையாக இருக்கும். உச்சிவெயிலில் பொன்னிறமாக மாறும். சாயங்காலம் நீலமாகி மெல்ல மறைந்துபோகும். தாய் அரைத்தூக்கத்தில் அதையே பார்த்துக்கொண்டு கிடக்கும். தூரத்தில் இறக்கைச் சத்தம் கேட்டால், "உங்கப்பா வர்றாரு" என்று குஞ்சை எழுப்பும்.

ஒருநாள் கோடைமழை காற்றோடு வந்தது. முறிந்த கிளை ஒன்று இருவாச்சியின் இறக்கை மேல் விழுந்தது.

உயிர் பிழைத்தது பெரிய காரியம். ஆனால் இறக்கை தொங்கிப்போய்விட்டது. கிளைக்குக் கிளை தாவ முடிந்தது, பறக்க முடியவில்லை. பழுத்த அத்திகளெல்லாம் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருந்தன. இந்தப் பக்கம் காய்கள்தான். இருவாச்சி மரப்பட்டையைக் கிளறிப் பூச்சி பிடித்தது. கீழே உதிர்ந்து சுருங்கிப்போன பழங்களைப் பொறுக்கியது. அதையெல்லாம் கீறலில் ஊட்டிவிட்டு, தான் தண்ணீரைக் குடித்துக்கொண்டது.

"ஏங்க, இப்பல்லாம் சத்தமே கேக்க மாட்டேங்குதே?" என்று மனைவி கேட்டது.

"குஞ்சு தூங்குமேன்னு மெதுவா வர்றேன்" என்றது இருவாச்சி.

மனைவி அது கொடுத்த பூச்சியைக் குஞ்சின் வாயில் வைத்தது.

அந்த மலைச்சாரலில் ஓர் உதவிக் கழகம் இருந்தது. மழை பொய்த்த ஒரு வருஷத்தில் விலங்குகளும் பறவைகளும் கூடிப் பேசித் தொடங்கிய கழகம். வசதி இருப்பவர்கள் கிழங்கு, பலாக்கொட்டை, அத்திப்பழம் என்று கொண்டுவந்து ஒரு பாறைக் குகையில் போடுவார்கள். இல்லாதவர்களுக்கு அங்கிருந்து போகும். குகைக்கு மலை அணில் பொறுப்பு. கழகத்துக்குத் தலைவர் சோலைமந்தி. குறை சொல்வதற்கில்லை, நல்ல கழகம். அது வந்த பிறகு அந்தச் சாரலில் பட்டினியால் யாரும் சாகவில்லை.

சோலைமந்திக்கும் நல்ல மனசுதான். என்ன, அதற்கு விழா என்றால் உயிர்.

உதவி எதுவானாலும் மேடையில்தான் கொடுக்கும். ஒரு தட்டைப் பாறைதான் மேடை. காட்டுப்பூவில் தோரணம் கட்டுவார்கள். அறிவிப்பதற்கு மைனா. முன்வரிசையில் பெரியவர்கள். பழத்தைக் கொடுத்ததும் விட்டுவிடக் கூடாது. கொடுப்பவர் ஒரு பக்கமும் வாங்குபவர் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு, கூட்டம் முழுக்கப் பார்த்து முடிக்கும் வரை சிரித்தபடி நிற்க வேண்டும். யாராவது இதைக் கேட்டால் சோலைமந்தி ஒரு காரணம் சொல்லும். கொடுப்பதை நாலு பேர் பார்த்தால்தான் ஐந்தாவது ஆளுக்கும் கொடுக்கத் தோன்றும் என்று. அதிலும் உண்மை இல்லாமல் இல்லை.

இருவாச்சி யோசித்து யோசித்துப் பார்த்தது. குஞ்சின் குரல் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வந்தது. வெட்கப்பட்டால் ஆகாது என்று கிளைக்குக் கிளை தாவி விழாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அது போனபோது மேடையில் மைனா முழங்கிக்கொண்டிருந்தது. "வளையில் ஒரு கிழங்குக்கும் வழியின்றி, பெற்ற பிள்ளைகளின் பசியைக் காணப் பொறுக்காமல், கண்ணீரும் கம்பலையுமாக வாடிக்கொண்டிருக்கும் நம் முள்ளம்பன்றி அம்மையாரை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்!"

முள்ளம்பன்றி மேடை ஏறியது. முள் எல்லாம் உடம்போடு படிந்து கிடந்தது. கிழங்கின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தது. அதன் குட்டி ஒன்று கூட்டத்துக்கு நடுவில் இருந்தது. பக்கத்திலிருந்த குட்டிகள் அதையே திரும்பிப் பார்த்தன.

இருவாச்சி போய்விடலாம் என்று திரும்பியது. அதற்குள் சோலைமந்தி பார்த்துவிட்டது.

"அடடா, அத்தி ஐயாவே வந்துட்டாரே! ஏன் பின்னால நிக்கிறீங்க? இன்னைக்கு உங்க கையாலதான் குடுக்கணும்" என்று ஓடிவந்து கூட்டிக்கொண்டு போனது.

இருவாச்சி மறுப்பதற்குள் கழுத்தில் மாலை விழுந்தது. அலகில் ஒரு பெரிய அத்திப்பழத்தை வைத்தார்கள். நன்றாகக் கனிந்த பழம். அதன் வாசனை நேராக வயிற்றுக்குள் இறங்கியது. கொஞ்சம் அலகைத் தூக்கினால் போதும், பழம் தொண்டைக்குள் போய்விடும். இருவாச்சி கண்ணை மூடிக்கொண்டது. இருட்டில் அந்தக் கீறல் தெரிந்தது. கீறலுக்குள் ஒரு சின்ன வாய் திறந்திருந்தது.

எதிரே மரநாய் ஒன்று பழத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதுவும் பசியோடு வந்ததுதான். கைதட்டல் ஓயும் வரை இருவாச்சி சிரித்துக்கொண்டு நின்றது. பிறகு பழத்தை விட்டுவிட்டது.

இருட்டுவதற்குள் எப்படியோ பொந்துக்குத் திரும்பி, கிடைத்த பூச்சிகளைக் கீறலில் கொடுத்தது. விழாவுக்குப் போனதையும், மேடையில் ஏற்றியதையும், மாலை போட்டதையும் சொன்னது.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. "சரி, உங்களுக்கு என்ன குடுத்தாங்க?" என்றது.

"கை தட்டினாங்க."

மனைவி மெதுவாகப் பேசியது. இறக்கையில் அடிபட்டது தனக்கு அன்றைக்கே தெரியும் என்றது. இந்தக் காய்ந்த பூச்சியில் குஞ்சு பிழைக்காது என்றது. "நாளைக்கு நான் சுவரை உடைச்சிட்டு வெளியே வந்துர்றேன். ரெண்டு பேருமாத் தேடலாம்."

இருவாச்சி பதறிப்போனது. இறகில்லாத தாய் பறக்க முடியாமல் தரையில்தான் கிடக்கும். சுவர் போய்விட்டால் பொந்துக்குள் பாம்பு வரும், குரங்கு வரும். நாளைக்குத் தான் போய்விட்டு வரும் வரை பொறுத்துக்கொள்ளும்படி கெஞ்சியது.

மறுநாள் விடியும்போது பனி இறங்கியிருந்தது.

அந்த மலைக்காரர்களுக்கே அவ்வளவு அடர்ந்த பனி அபூர்வம். மரங்கள் இருந்த இடத்தில் மரங்கள் இல்லை. பள்ளத்தாக்கு பால் ஊற்றிய மாதிரி நிறைந்து கிடந்தது. தன் காலே தனக்குத் தெரியாமல் இருவாச்சி தாவிக்கொண்டு போனது. எங்கே கால் வைத்தாலும் அங்கே ஒரு கிளை வந்து நின்றது. கனவில் நடப்பது போல இருந்தது. இன்றைக்கு மேடை ஏறாமல் குகையிலேயே கேட்டுவிடலாம், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அதற்குத் தைரியம் வந்தது.

குகை வாசலுக்குப் போனால் அங்கே ஏற்கெனவே யாரோ மூச்சுவிடும் சத்தம் கேட்டது. ஒருவர் அல்ல, நிறையப் பேர். உருவம் எதுவும் தெரியவில்லை. இங்கே ஓர் இருமல், அங்கே ஒரு நகம் உரசும் சத்தம். யாரும் யாரையும் விசாரிக்கவில்லை. எல்லாரும் இந்தப் பனிக்காகவே காத்திருந்தவர்கள் போல வரிசையில் நின்றார்கள்.

இருவாச்சியின் முறை வந்தது. "நான் வந்து... ஒருத்தருக்காக..." என்று இழுத்தது.

பனிக்குள்ளிருந்து மலை அணிலின் குரல் கேட்டது. "யாரா இருந்தா என்னங்க, எத்தனை வாய்க்குன்னு மட்டும் சொல்லுங்க."

"மூணு வாய்க்கு" என்றது இருவாச்சி. சொன்னதும் அதற்கு அழுகை வந்துவிட்டது. அதன் அலகில் ஒன்றன்பின் ஒன்றாக அத்திப்பழங்கள் வந்து உட்கார்ந்தன.

அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. பனி இரண்டாகக் கிழிந்து விலகியது.

எல்லாரும் எல்லாரையும் பார்த்துவிட்டார்கள். முள்ளம்பன்றி நின்றது. மரநாய் நின்றது. நேற்று முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிய காட்டாடு நின்றது. மேடையில் முழங்கிய மைனாவும் ஒரு பலாச்சுளையை அலகில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தது. அதற்கும் வீட்டில் நாலு குஞ்சுகள். வரிசைக்கு அந்தப் பக்கம், புதிதாகப் பறித்த கிழங்குகளைக் குகையில் போட வந்த சோலைமந்தி நின்றது.

சோலைமந்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து இருவாச்சியிடம் நின்றது. வாய் நிறையப் பழம். தோளில் தொங்கும் இறக்கை.

இருவாச்சி பழங்களைக் கீழே வைத்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது? "என் பொண்டாட்டியும் குஞ்சும் பொந்துக்குள்ள பட்டினி கிடக்குறாங்க. நேத்து நான் குடுத்த பழம், நான் கேட்க வந்த பழம்" என்றது.

"நேத்தே சொல்லியிருக்கலாமே, ஐயா?"

"எங்க நின்னு சொல்றது? மேடையிலயா?"

சோலைமந்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. அந்தக் கோடைமழை நாளுக்குப் பிறகு இந்த மலையில் இறக்கைச் சத்தம் கேட்கவே இல்லை என்பது அதற்கு இப்போதுதான் உறைத்தது. நேற்று அத்தி ஐயா கிளைகிளையாகத் தாவி வந்ததைத் தன் கண்ணால் பார்த்தது. ஏன் என்று கேட்கவில்லை. மாலை போடுகிற அவசரத்தில் இருந்தது.

"எனக்குப் புத்தி இல்லை" என்றது சோலைமந்தி. வேறு எதையும் சொல்லிச் சமாளிக்கவில்லை.

அன்றோடு தட்டைப் பாறையில் தோரணம் கட்டுவது நின்றது. மைனாவுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். தினமும் காடு முழுக்கப் பறந்து, எந்த வளையில் சத்தம் குறைந்திருக்கிறது, எந்தக் கூட்டில் குஞ்சு அதிகம் அழுகிறது என்று காதால் கேட்டு வந்து அணிலிடம் மட்டும் சொல்ல வேண்டும். பேசாமல் இருப்பது மைனாவுக்குச் சிரமமாகத்தான் இருந்தது. பழகிக்கொண்டது. கழகத்தார் விடியற்காலைப் பனியில் போய் வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். பார்க்க ஆள் இல்லாவிட்டால் யார் கொடுப்பார்கள் என்று சோலைமந்தி பயந்தது. ஆனால் நேற்று வாங்கியவர்களே இன்று கொடுக்க வந்தார்கள். யார் எதற்கு வருகிறார்கள் என்று பனியில் யாருக்கும் தெரியவில்லை.

இருவாச்சியின் பொந்துக்குச் சோலைமந்தி தானே போனது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் போய்ப் பறித்த பழங்களோடு மரம் ஏறியது. இருவாச்சி பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருந்தது. சோலைமந்தி மூச்சுக் காட்டாமல் ஒரு பழத்தைக் கீறலுக்குள் நீட்டியது.

உள்ளே தாய் அதை வாங்கியது. பழத்தில் அலகு பட்ட தடம் இல்லை. வந்தது தன் கணவன் இல்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது. யார் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. "பழம் நல்லாக் கனிஞ்சிருக்கு" என்று மட்டும் சொன்னது.

"அம்மா, வெளியே யாரு?" என்று கேட்டது குஞ்சு.

தாய் கீறலைப் பார்த்தது. அது வெள்ளையாக இருந்தது. "பனிடா கண்ணு. பனிதான் நமக்குப் பழம் கொண்டுவருது" என்றது.

கோடை முழுக்கப் பனி பழம் கொண்டுவந்தது. இருவாச்சியின் இறக்கை மெல்ல மெல்லத் தேறியது. ஒருநாள் தூரத்தில் ரயில் வருவது போலச் சத்தம் கேட்டது. குட்டிக் குரங்குகள் அண்ணாந்து பார்த்தன. அன்றைக்குத் தாய் சுவரை உடைத்துக்கொண்டு புது இறகோடு வெளியே வந்தது. பின்னாலேயே குஞ்சும் தலையை நீட்டி, இவ்வளவு பெரிய கீறலா என்று உலகத்தைப் பார்த்து வாயைப் பிளந்தது.

குஞ்சு வளர்ந்து பெரிதானது. பழம் கொண்டுவந்தது பனிதான் என்று அது ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தது. உண்மை தெரிந்த பிறகும் அந்த நம்பிக்கையை விடவில்லை. பனி இறங்கிய காலைகளில் அலகு நிறையப் பழத்தோடு அது கிளம்பும். சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று பறக்காமல், கிளைக்குக் கிளை தாவிப் போகும். எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால், "பனியா இருக்கப் போறேன்" என்று சொல்லும்.

வாங்குகிறவர் தலை குனியாமல் வாங்கிக்கொள்ள முடிந்தால்தான் அதற்கு உதவி என்று பெயர்.