சாவி யாரிடம் உள்ளது?

“நான் கேக்குற கேள்விக்கு ஒருத்தனும் பதில் சொல்ல மாட்டேங்குறான், தங்கச்சி” என்றார் சீடர்.

குரு மாவு மில்லின் சுவிட்சைத் தட்டினார். பெல்ட் சுழன்றது. சுவர் அதிர்ந்தது. சீடரின் மீதிப் புலம்பலை மில் விழுங்கிவிட்டது.

இந்தக் கதையில் சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. பெயர் ராக்கப்பன். தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். குரு அவரைவிட ரொம்பவே இளையவர். பெயர் தமயந்தி. அதே தொகுதியில் உறுப்பினராக இருந்து, போன தேர்தலில் தோற்றவர். தோற்கடித்தவர் வேறு யாருமில்லை, நம் சீடர்தான்.

தோற்ற கையோடு தமயந்தி தன் அப்பாவின் மாவு மில்லுக்குத் திரும்பினார். ஜெயித்த கையோடு ராக்கப்பன் சட்டமன்றத்துக்குப் போனார். அங்கே என்ன செய்வதென்று தனக்குத் தெரியாது என்பது போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. சொந்தக் கட்சிக்காரர்களிடம் கேட்டால் மானம் போகும். தோற்றவரிடம் போய்க் கேட்டாலும் மானம் போகும், ஆனால் வித்தையாவது கிடைக்கும். மனுஷன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மில்லுக்கு வந்தார்.

தமயந்தி ஒரு ஸ்டூலைத் தன் முந்தானையால் துடைத்துப் போட்டார். அன்றிலிருந்து அது சீடரின் ஸ்டூல்.

மில் நின்றது.

“என்ன கேட்டீங்க, என்ன சொல்லலை? வாசிங்க, கேப்போம்” என்றார் தமயந்தி.

சட்டமன்றத்தில் எழுந்து நின்று கேட்பது ஒரு வகை. கேள்வியை எழுதிக் கொடுத்துத் துறையிடம் எழுத்திலேயே விடை வாங்குவது இன்னொரு வகை. எழுந்து நின்றால் ராக்கப்பனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுத்துதான் அவருக்குத் தோது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“‘ஆவாரங்குறிச்சி சுகாதார நிலைய வளாகத்தில் கட்டி முடிக்கப்பட்டுள்ள பிரசவ வார்டை மக்கள் பயன்பாட்டிற்குக் கொண்டுவர அரசு ஆவன செய்யுமா?’”

“விடை?”

“‘அரசின் பரிசீலனையில் உள்ளது.’”

“அடுத்தது?”

“‘ஆம் எனில், எப்போது? இல்லை எனில், காரணம் என்ன?’”

“விடை?”

“‘வினா எழவில்லை.’”

மூலையில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பேச்சிக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. சத்துமாவு அரைக்க வந்து, தன் முறைக்காகக் காத்திருந்தாள்.

அந்த வார்டு கட்டி முடித்ததிலிருந்து பூட்டியே கிடக்கிறது. அதற்கு நிதி வாங்கியது தமயந்தியின் காலத்தில். குருவும் சீடரும் அந்த நிதியைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. பிள்ளை பெறப் போகிறவர்கள் ஷேர் ஆட்டோ பிடித்து, ரயில்வே கேட்டைத் தாண்டி, டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். போன மழைக்காலத்தில் பேச்சியின் நாத்தனாருக்கு ரயில்வே கேட்டு மூடியிருந்தபோதே ஆட்டோவில் பிள்ளை பிறந்துவிட்டது. கூட்ஸ் வண்டி போய் முடிவதற்குள் பையன் அழுதுவிட்டான். தெருவே அவனைக் ‘கேட்டு’ என்றுதான் கூப்பிடுகிறது.

எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த ஆட்டோவில் நாத்தனாரின் தலையை மடியில் வைத்திருந்தவள் பேச்சி. அவளுக்குப் பயமாக இருந்தது. இதைத் தமயந்தியிடம் மட்டும்தான் அவள் சொல்லியிருந்தாள்.

“இதுல கேள்வி எங்கண்ணே இருக்கு?” என்றார் தமயந்தி.

“கடைசியில இருக்கே. ‘அரசு ஆவன செய்யுமா?’”

“அது கேள்வி இல்லண்ணே. கும்பிடு.”

ராக்கப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “எல்லாரும் அப்படித்தான தாயி எழுதுறாங்க. நீயும் அப்படித்தான எழுதியிருப்ப?”

“எழுதினேன். அதான் மில்லு ஓட்டுறேன்.”

ராக்கப்பன் கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

“நீங்க கும்பிட்டா அவங்களும் திருப்பிக் கும்பிடுவாங்க. பரிசீலனைன்னா அதுதான். தெரியாத ஒண்ணைக் கேளுங்கண்ணே.”

“எனக்கு என்ன தெரியாது?”

தமயந்தி சுவிட்சைத் தட்டினார்.

*

அடுத்த தடவை ராக்கப்பன் தயாராக வந்தார். ராப்பகலாக உட்கார்ந்து எழுதியிருந்தார். மாநிலத்தில் எத்தனை பிரசவ வார்டுகள், தாய்சேய் நலத்தில் அரசின் கொள்கை என்ன, அண்டை மாநிலங்களோடு ஒப்பிட்டால் எப்படி, கடந்த ஆண்டுகளின் ஒதுக்கீடு எவ்வளவு என்று ‘அ’வில் தொடங்கி ‘ஔ’ வரை போயிருந்தது. இன்னும் ஓர் உயிரெழுத்து இருந்திருந்தால் அதையும் விட்டிருக்க மாட்டார்.

தமயந்தி முழுசாகப் படித்தார். பிறகு தாளை நான்காக மடித்து, அன்றும் மாவு அரைக்க வந்திருந்த பேச்சியிடம் நீட்டினார்.

“உன் டின்னு மூடி லூசா இருக்குல்ல? இதை வெச்சு மூடு. மாவு சிந்தாது.”

பேச்சி ராக்கப்பனைப் பார்த்தாள். சிரிப்பதா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“நல்ல கேள்விதாண்ணே” என்றார் தமயந்தி. “துறைக்கு ரொம்பப் பிடிக்கும். ‘தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது’ன்னு எழுதிட்டு டீ குடிக்கப் போயிருவாங்க.”

“அப்ப என்னதான் செய்யச் சொல்ற?”

“அந்த வார்டைப் பாத்தீங்களா?”

“கார்ல போறப்ப பாத்திருக்கேன்.”

தமயந்தி அடுத்த டின்னை எடுத்து மில்லில் கொட்டினார். சீடர் ஸ்டூலிலிருந்து எழுந்து போனார்.

*

சாயங்காலமே திரும்பி வந்தார். வேட்டி ஓரத்தில் நாயுருவி ஒட்டியிருந்தது.

“கட்டில் எல்லாம் பிளாஸ்டிக் பிரிக்காம கெடக்கு, தங்கச்சி. பிள்ளைக்கு இதம் காட்டுற விளக்கு இருக்கு. சுவத்துல முயல் படம் போட்டிருக்கான். அவ்வளவு அழகா இருக்கு.”

தமயந்திக்கு அவரை அந்த நிமிஷம் ரொம்பப் பிடித்திருந்தது.

“எப்படிப் பாத்தீங்க?”

“சன்னல் வழியா.”

“ஏன் சன்னல் வழியா?”

“கதவு பூட்டியிருக்குல்ல.”

“எம்எல்ஏ வந்திருக்கேன், தெறங்கன்னு சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னேன். நர்ஸம்மா சாவி இல்லைங்குது.”

“யார்கிட்ட இருக்காம்?”



“தெரியலையே” என்றார் ராக்கப்பன்.

தமயந்தி காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து அவர் கையில் வைத்தார்.

பேனாவைப் பார்த்ததும் ராக்கப்பனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் வேர்த்தது.

“இதையா? வேண்டாம் தாயி. பக்கத்துத் தொகுதிக்காரர் நதிநீர் இணைப்பைப் பத்திக் கேக்குறாரு. நான் போயி சாவியைப் பத்திக் கேக்கவா? எங்க கட்சியிலயே என்னைப் ‘பூட்டு ராக்கப்பன்’னு கூப்பிடுவானுங்க. சிரிப்பாச் சிரிச்சுப் போகும்.”

“சிரிச்சா சிரிக்கட்டுங்கய்யா” என்றாள் வாசலில் வந்து நின்ற பேச்சி.

இருவரும் திரும்பினார்கள்.

“எனக்கு அடுத்த மாசம்” என்றாள்.

ராக்கப்பன் தாளை முழங்காலில் வைத்து ஒரே ஒரு வரி எழுதினார். ‘ஆவாரங்குறிச்சி பிரசவ வார்டின் சாவி தற்போது யாரிடம் உள்ளது?’

‘ஆவன செய்யுமா’ என்று முடிக்கக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டார்.

*

சிரிக்கத்தான் செய்தார்கள்.

தலைநகரத்திலிருந்து ஒரு பிரிவு அலுவலர் போன் செய்தார். “ஐயா, தட்டச்சுல ஏதும் விட்டுப்போச்சுங்களா? ஒரு வரிதான் இருக்கு.”

“விடலை. அவ்வளவுதான்.”

“வேற பகுதி ஏதும் சேக்கணுங்களா?”

“வேண்டாம்” என்றார் ராக்கப்பன். குரல் அவருக்கே கேட்கவில்லை.

ஆனால் அந்த ஒரு வரி துறைகளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. சாவி யாரிடம் என்று கேட்டால் பரிசீலனையில் உள்ளது என்று எழுத முடியாது. நிதிநிலைமைக்கு ஏற்ப என்று எழுத முடியாது. வினா எழவில்லை என்று எழுத யோசித்துப் பார்த்தார்கள், அதுவும் ஒட்டவில்லை. ஓர் ஆளின் பெயரைத்தான் எழுத வேண்டும்.

மருத்துவத் துறை, எங்களிடம் இல்லை, கட்டியவர்களிடம் இருக்கும் என்றது. கட்டிய துறை, எங்களிடம் இல்லை, கொடுத்துவிட்டோம் என்றது. யாரிடம் கொடுத்தீர்கள்? செயலர் தலைமைப் பொறியாளரைக் கேட்டார். அவர் தனக்குக் கீழே உள்ளவரைக் கேட்டார். கேள்வி படிப்படியாக இறங்கி, ஆவாரங்குறிச்சிக்குப் பக்கத்தில் வேறொரு கட்டடத்துக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்த உதவிப் பொறியாளரின் செல்போனில் வந்து மணியடித்தது.

அவர் யோசிக்கவே இல்லை. உடனே சொல்லிவிட்டார்.

*

விடை ராக்கப்பனின் தொகுதி அலுவலகத்துக்கு வந்தது. உறையைப் பிரித்து, நின்றபடியே படித்தார்.

‘விடை: மாண்புமிகு உறுப்பினர் திரு. ராக்கப்பன் அவர்களிடம்.’

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். கீழே விளக்கமும் இருந்தது.

‘தாம் இல்லாமல் தொகுதியில் எந்தக் கட்டடமும் திறக்கப்படக் கூடாது என உறுப்பினர் அவர்கள் ஆய்வுக் கூட்டத்தில் அறிவுறுத்தியதன் பேரில், திறப்பு விழாத் தேதி பெறும் பொருட்டு, சாவி அவரது அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டது.’

“மலைச்சாமி” என்று உதவியாளரைக் கூப்பிட்டார். “வார்டு சாவி நம்மகிட்டயா இருக்கு?”

“ஆமாங்கய்யா. உங்க டிராயர்லதான்” என்றார் மலைச்சாமி. “மந்திரி தேதி குடுக்கட்டும், அதுவரைக்கும் உள்ள வைடான்னீங்கள்ல.”

சொல்லியிருந்தார். பதவிக்கு வந்த புதிதில் நடந்த முதல் ஆய்வுக் கூட்டம் அது. அதிகாரிகள் எல்லோரும் தலையாட்டினார்கள். அன்றைக்கு அவருக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம்கூடச் சொன்னார். பிறகு மந்திரிக்குத் தேதி ஒத்து வரவில்லை. அப்புறம் உள்ளாட்சித் தேர்தல் வேலை, கோயில் கொடை, கட்சி மாநாடு. மறந்தே போனார்.

டிராயரை இழுத்தார். திருநீற்றுப் பொட்டலங்களுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் அடியில் சாவி கிடந்தது. அது துருப்பிடிக்கக்கூட இல்லை.

*

மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். ராக்கப்பன் தும்மிக்கொண்டே உள்ளே வந்தார். தமயந்தி மில்லை நிறுத்தினார்.

“பதில் வந்துச்சா, அண்ணே?”

அவர் விடைத்தாளை நீட்டினார். தமயந்தி படித்தார். படித்து முடித்தும் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?” என்று தணிந்த குரலில் கேட்டார் ராக்கப்பன்.

“சத்தியமாத் தெரியாதுண்ணே” என்றார் தமயந்தி. கண் கலங்கியிருந்தது. மிளகாய்க் காரத்தால் மட்டுமில்லை.

மூலையிலிருந்து பேச்சி, “சாவி கெடைச்சிருச்சுங்களா, ஐயா?” என்றாள்.

“கெடைச்சிருச்சு தாயி. இப்பத்தான் போயித் தெறந்து குடுத்துட்டு வர்றேன். நர்ஸம்மா கட்டிலைப் பிரிச்சுக்கிட்டு இருக்கு. இனி நீ எங்கயும் போக வேண்டாம்.”

பேச்சி கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பிறகு, சூதுவாது ஏதுமில்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாள்.

“இத்தனை நாளா யார்கிட்டங்கய்யா இருந்துச்சு?”

ராக்கப்பன் நாக்கில் ஆயிரம் பதில்கள் வந்து நின்றன. துறை. நடைமுறை. நிர்வாகக் காரணம். எல்லாமே நன்றாக எழுதப்பட்ட பதில்கள்.

தமயந்தி அவர் முகத்தைப் பார்த்தார். மெல்ல எட்டி, சுவிட்சில் விரலை வைத்தார். ஒரு தட்டு தட்டினால் போதும், சத்தத்தில் கேள்வி கரைந்து போகும்.

ராக்கப்பன் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“என்கிட்டதான் தாயி” என்றார்.