கடைசி வயலின் ஈரமண்

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபத்திரண்டு. சீடரிடம் மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், பென்ஷன், முழங்கால் வலி எல்லாம் இருந்தன. குருவிடம் ஒரு மண்வெட்டி இருந்தது.

குருவின் பெயர் பேச்சித்தாய். வாய்க்காலில் வரும் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது திருப்புவது என்று பார்ப்பது அவள் வேலை. நீர்பாய்ச்சி என்பார்கள். வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பிரிகிற மடை ஒவ்வொன்றும் அவள் கை பட்டால்தான் வாய் திறக்கும்.

சீடர் ஆவுடையப்பன். வாழ்நாளெல்லாம் மின்கம்பி இழுத்து ஓய்வு பெற்றவர். கம்பியை எந்தப் பக்கம் இழுத்தாலும் மின்சாரம் அந்தப் பக்கம் போகும். தண்ணீருக்கும் அதே புத்திதான் என்று அவர் நம்பியிருந்தார்.

வாய்க்காலின் நடுப்பகுதியில் ஒன்பது மடைக்காரர்கள் வயலை விற்றுவிட்டுப் போக, அந்த இடத்தில் சௌபாக்கியா நகர் எழுந்தது. முப்பத்திரண்டு வீடுகள். ஆவுடையப்பன் அதன் சங்கச் செயலாளர். வாஸ்து பார்க்க வந்த ஒருவர் நகரைச் சுற்றி வந்து, "வாய்க்கால் தெற்கே ஓடுது. ஈசானிய மூலையில ஓடினா எல்லாக் குடும்பமும் தழைக்கும்" என்று சொல்லிவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார். ஆவுடையப்பன் ஸ்கேலை எடுத்தார். வடகிழக்கே நேர்கோடாகப் புது வாய்க்கால் வரைந்தார். சிமெண்டில் கட்டியும் முடித்தார்கள். பழைய வாய்க்காலில் கிராவல் கொட்டி மூன்றாவது தெரு ஆக்கினார்கள். அந்தத் தெருவின் கடைசி வீடு ஆவுடையப்பனுடையது. பழைய வாய்க்காலின் குறுக்கே அவர் வீட்டு மதில் நின்றது.

கீழே கடைமடை விவசாயிகள் தங்களுக்குத் தண்ணீர் வராது என்று மனுக் கொடுத்தார்கள். அதிகாரி இரு பக்கமும் கேட்டுவிட்டு ஒரே வரி எழுதினார். கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது என்று நீர்பாய்ச்சி கையெழுத்துப் போட்ட பிறகுதான் நகரில் யாரும் குடியேறலாம்.

தண்ணீர் திறக்கிற நாளுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, முப்பத்திரண்டு வீட்டுக்கும் ஒரே முகூர்த்தத்தில் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. ஆவுடையப்பன் அறுபத்துநான்கு பக்க அறிக்கையோடு பேச்சித்தாயிடம் போனார்.

"இந்தாம்மா, இங்க ஒரு கையெழுத்துப் போடு."

"தண்ணி இன்னும் திறக்கலையே சார்."

"திறந்தா போகும்."

"போகட்டும். போடுதேன்."

"எனக்கு அவசரம்."

"அப்ப மண்வெட்டியத் தூக்கிக்கிட்டு என்கூட வாங்க. திறக்க இன்னும் பத்து நாள் கிடக்கு. வாய்க்காலப் பூராவும் செதுக்கணும்."

இப்படித்தான் அவர் சீடரானார். இரண்டாம் நாள் உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. மூன்றாம் நாள் 'நீ' போய் 'நீங்க' வந்தது. நான்காம் நாள் அவர் ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இந்த வாய்க்கால்ல முதல் உரிமை யாருக்கு? ஒரே வரியில சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"தண்ணி வரட்டும் சார். சொல்லுதேன்."

ஐந்தாம் நாள் மறுபடி கேட்டார். "மேலே இருக்கிற தலைமடைக்காரருக்கா? கீழே இருக்கிற கடைமடைக்காரருக்கா?"

"அந்தக் கோரைய வேரோட பிடுங்குங்க."

ஆறாம் நாள் அவளே ஒன்று சொன்னாள். தண்ணீர் திறக்கிற அன்றைக்கு வழியில் ஒரு மடையும் திறக்காது. தண்ணீர் முதலில் கடைசி வயலுக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்ததும் அந்த வயலின் ஈரமண்ணை இரண்டு கை நிறைய அள்ளி, கீழிருந்து மேலே கொண்டுவர வேண்டும். ஒரு மடைக்காரர் அடுத்த மடை வரைக்கும்தான் கொண்டுபோவார். அங்கிருந்து அந்த மடைக்காரர். அப்படியே கை மாறிக் கை மாறித் தலைமடைக்கு வந்து, மண்ணைத் தொட்டுப் பார்த்து ஈரம் இருந்தால்தான் மற்றவர்கள் மடையைத் திறப்பார்கள்.

"பொழுது சாயறதுக்குள்ள வரலைன்னா?"

"தண்ணி அடுத்த வாய்க்காலுக்குப் போயிரும். இங்க வர இன்னும் பத்து நாள். கீழ நாத்து அதுவரைக்கும் நிக்காது."

"அதுக்கு ஏன் மண்ணைச் சுமக்கணும்? ஒரு போன் போட்டா ஆச்சு."

"போன்ல ஈரம் வருமா சார்?"

அன்று மாலை அவர் தன் அறிக்கையின் மடைப்பட்டியலைப் புரட்டினார். நகருக்குள் வந்த ஒன்பது மடைகளையும் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 'வழக்கொழிந்தவை' என்று எழுதியிருந்தார். கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

திறப்பு நாள். காலை ஆறு மணிக்குத் தலைமடையில் ஷட்டரைத் தூக்கினார்கள். காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் நுரையும் சருகுமாக, புதுப்பெண் போல ஒவ்வோர் அடியாக வந்தது. பேச்சித்தாய் அதற்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தாள். "வா தாயி, வா, இங்கன பள்ளம், பாத்து வா." ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தார். முழங்கால் வலி ஞாபகம் வரவில்லை.

நகரின் எல்லை வந்தது. முப்பத்திரண்டு குடும்பமும் வீடு கழுவ வந்திருந்தார்கள். தண்ணீர் சிமெண்ட் வாய்க்காலுக்குள் நுழைந்ததும் கைதட்டினார்கள். ஆவுடையப்பன் லேசாகத் தலை குனிந்து அதை ஏற்றுக்கொண்டார்.

தண்ணீர் ஐம்பது அடி போனது. நின்றது. யோசித்தது போல ஒரு சுழி போட்டது. பிறகு வந்த வழியே திரும்பி, கரை தாண்டி, மூன்றாவது தெருவில் இறங்கியது. யாரையும் வழி கேட்கவில்லை. தெரு முழுக்க ஓடி, கடைசி வீட்டு மதிலில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

தெருவே திரும்பி ஆவுடையப்பனைப் பார்த்தது.

"தரை தெற்கே சரிவு போல" என்றார் ஒருவர்.

"போல என்ன போல" என்றாள் ஆவுடையப்பனின் மனைவி சண்முகவடிவு. முழங்கால் தண்ணீரில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். "முப்பத்தஞ்சு வருஷமா நான் சொல்றதைத்தான் கேட்கல. தண்ணி சொல்றதையாவது கேளுங்க."

கீழேயிருந்து தளவாய் வந்தார். கடைசி வயல் அவருடையது. பின்னால் பத்துப் பேர், ஆளுக்கொரு மண்வெட்டி. முகங்கள் சரியில்லை.

"மணி பத்தாகுது. எங்க தண்ணி எங்க?"

ஆவுடையப்பன் தன் வரைபடத்தை விரித்தார். அளவுகளைச் சரிபார்த்தார். கோடு நேராகத்தான் இருந்தது.

"இதுல தப்பே இல்லையே" என்று பேச்சித்தாயிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

"என்கிட்ட ஏன் சார் காட்டுதிய? தண்ணிகிட்ட ஒருக்கா காட்டுங்க. பாவம், அது பாத்திருக்காது."

முதலில் சிரித்தது தளவாய். அவர் சிரித்த சிரிப்பில் தோளிலிருந்த மண்வெட்டி தண்ணீரில் விழுந்தது. பிறகு தெரு சிரித்தது. ஆவுடையப்பன் கொஞ்ச நேரம் கௌரவமாக நின்று பார்த்தார். முடியவில்லை. அவரும் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"கடப்பாரை எங்க இருக்கு?" என்றாள் சண்முகவடிவு.

"எதுக்கு?"

"கோலம் போட. எதுக்குன்னு கேக்கறார் பாருங்க! மதிலை இடிக்கத்தான்."

"வடிவு, யோசிச்சுக்கோ. இந்தப் பக்கம் திறந்தா நம்ம அடுக்களை ஓரமாப் போகும். அது அக்னி மூலை. அக்னி மூலையில தண்ணி ஆகாது."

"அடுப்பு அணைஞ்சா ஹோட்டல்ல வாங்கித் தாங்க. நகருங்க."

முதல் அடியை அவளே போட்டாள். இரண்டாவது அடியைத் தளவாய் போட்டார். மூன்றாவதை ஆவுடையப்பன் போட்டார். சொந்த மதில் என்பதால் கொஞ்சம் மெதுவாக.

பிறகு தெருவே இறங்கியது. கடைமடைக்காரர்கள் வெட்ட, நகர்க்காரர்கள் கிராவலை அள்ள, மூன்றாவது தெருவின் தெற்கோரம் பழைய வாய்க்கால் மெல்ல மெல்லத் தலைகாட்டியது. வங்கியில் மேனேஜராக இருந்தவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மண் சட்டி சுமந்தார். வாஸ்துக்காரருக்கு யாரோ போன் போட்டார்கள். அவர் எடுக்கவில்லை. பால் காய்ச்ச வைத்திருந்த புதுப் பாத்திரங்களில் முப்பத்திரண்டு வீட்டுக்கும் பத்து வயலுக்கும் சேர்த்து டீ கொதித்தது. முகூர்த்தம் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பேச்சித்தாய் மட்டும் வெட்டவில்லை. வேப்பமரத்திலிருந்து ஒன்பது குழைகளை ஒடித்துக்கொண்டு தெருவோடு போனாள். இங்கே ஒன்று, இருபது காலடி தள்ளி ஒன்று என்று ஒன்பது கேட் ஓரத்தில் நட்டுவைத்தாள்.

"எங்க வீட்டுக்கு இல்லையா?" என்று நடப்படாத வீட்டு அம்மாள் ஒருத்தி கோபித்துக்கொண்டாள்.

"இது எதுக்கு?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"அடையாளம்."

"எதுக்கு அடையாளம்?"

"டீ ஆறுது சார். குடிங்க."

இரண்டு மணிக்கு மதிலின் ஓட்டை வழியே தண்ணீர் குபுக்கென்று பாய்ந்தது. அடுக்களைச் சுவரைத் தடவிக்கொண்டு, பின்பக்கம் இறங்கி, கடைமடை நோக்கி ஓடியது. சண்முகவடிவு ஜன்னலைத் திறந்து எட்டிப்பார்த்தாள். பத்து வயது குறைந்த முகமாக இருந்தது.

"நானும் வர்றேன்" என்று ஆவுடையப்பன் வேட்டியை இறுக்கினார்.

"நீங்க வேண்டாம் சார்."

"பத்து நாளா உங்ககூடத்தானே வந்தேன்? கடைசி வயல்ல தண்ணி பாயறதை நான் பார்க்க வேண்டாமா?"

"இங்கனயே நில்லுங்க. கேட்டை விட்டு அசையக் கூடாது."

அவள் தண்ணீரோடு போய்விட்டாள். தளவாயும் ஆட்களும் போய்விட்டார்கள். அறுபத்திரண்டு வயதில் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் போல ஆவுடையப்பன் கேட்டருகே நின்றார். காலருகே வேப்பங்குழை ஒன்று நட்டிருந்தது.

மூன்று மணி. மூன்றரை. தெரு ஓரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் நோட்டை எடுத்தார். 'முதல் உரிமை' என்று எழுதி, கோடு போட்டு, மேலே எழுத ஒன்றும் கிடைக்காமல் பைக்குள் வைத்தார். வெயில் சாயச் சாயக் கைக்கடிகாரத்தையே பார்த்தார். நேரம் தவறினால் நாற்றும் போச்சு, முப்பத்திரண்டு வீடும் பூட்டிக் கிடக்கும். தலைமடை இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கிறது.

நாலே முக்காலுக்குக் கீழேயிருந்து கூச்சல் கேட்டது.

வரப்பில் ஓர் ஆள் ஓடிவந்தார். இரண்டு கையையும் குவித்து நெஞ்சோடு பிடித்திருந்தார். ஒரு மடை வந்ததும் நின்று, இன்னொருவர் கையில் கொடுத்தார். அவர் ஓடினார். அடுத்தவர் வாங்கினார். கடைசியாக நகருக்குக் கீழே இருக்கிற மடைக்காரர், தளவாயின் தம்பி மாடசாமி, ஆவுடையப்பன் வீட்டுக் கேட் வரைக்கும் வந்தார். நின்றார். மூச்சு வாங்கியது.

பின்னாலேயே பேச்சித்தாயும் வந்துசேர்ந்தாள். இடுப்புவரை சேறு, முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஏன் நின்னுட்டீங்க? ஓடுங்க, ஓடுங்க!" என்றார் ஆவுடையப்பன்.

"என் எல்லை இங்கனோட சரி" என்றார் மாடசாமி. "ஒரு மடைக்காரன் அடுத்த மடை வரைக்கும்தான்."

"அடுத்த மடை எங்க இருக்கு? இந்த ஒன்பதும்தான் இல்லையே!"

சொல்லும்போதே அவருக்குச் சிவப்பு மை ஞாபகம் வந்தது.

காலடியில் இருந்த வேப்பங்குழையைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். இருபது காலடி தள்ளி அடுத்த குழை. அதன் பக்கத்தில் வங்கி மேனேஜர் தலைத்துண்டோடு நின்றிருந்தார். அதற்கு அடுத்த குழைக்கும் ஆள் இருந்தது. சண்முகவடிவு தெருவின் நடுவில் நின்று, "ஒவ்வொரு குழைக்கும் ஒரு ஆள்! செல்போனை உள்ள வையுங்க! ரெண்டு கையும் வேணும்!" என்று கத்திக்கொண்டிருந்தாள். காலையில் கோபித்துக்கொண்ட அம்மாள், தன் வீட்டில் குழை இல்லாவிட்டாலும் போகிறது என்று ஒன்பதாவது இடத்தில் வந்து நின்றிருந்தாள்.

மாடசாமி கையை நீட்டினார். ஆவுடையப்பன் குவித்துப் பிடித்தார். மண் குளிர்ந்து, கனத்து, விரலிடுக்கில் கசிந்தது. கைக்கடிகாரத்துக்குள் சேறு போனது. நாற்றின் ஒற்றைத் தாள் ஒன்று மண்ணில் பச்சையாக நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் குருவைப் பார்த்தார். பத்து நாள் பழக்கம் விடவில்லை.

"இப்பவாவது சொல்லுங்க. முதல் உரிமை யாருக்கு?"

"இந்த மண்ணு காயறதுக்குள்ள அடுத்த மடையில கொண்டு சேக்கிறவருக்கு. ஓடுங்க சார்!"

எழுதிக்கொள்ள அவருக்குக் கை ஒழியவில்லை.